மலையகத்தின் உள்வீதிகள்: மூன்று நாள் மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு ஒரு வழித்திட்டம்

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர், எதிர்வரும் விடுமுறையில் தம் மகனுடன் மலையகத்தை மோட்டார் சைக்கிளில் மூன்று நாட்கள் சுற்றிவர விரும்புவதாகவும், அதற்கு ஒரு வழித்திட்டம் தருமாறும் கேட்டிருந்தார். பிரதான வீதிகள் வேண்டாம், சுற்றுலா வாகனங்கள் அதிகம் போகாத உள்வீதிகளே வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. செய்தி சேகரிக்கும் பொருட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வீதிகளில் ஒரு பழைய 125 சிசி வண்டியில் அலைந்தவன் என்ற வகையில் பதில் எழுத உட்கார்ந்தேன். கடிதம் வீதிகளின் வரலாறாக நீண்டுவிட்டது. ஏனையோருக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதனை இங்கே தருகிறேன்.

மலையகத்தின் பிரதான வீதிகள் படை நடத்துவதற்காகப் போடப்பட்டவை என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. அதனை அடக்கச் சென்ற படைகள் ஒற்றையடிப் பாதைகளிலும் காட்டிலும் காய்ச்சலிலும் பட்ட பாடு ஆட்சியாளருக்கு ஒரு பாடமாயிற்று. வீதியில்லாமல் கண்டியை வைத்திருக்க முடியாது என்று கண்ட தேசாதிபதி எட்வர்ட் பான்ஸ், கொழும்பு–கண்டி வீதியை 1820இல் தொடங்குவித்தார். அதனை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவருடைய நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. மண்ணை வெட்டியவர்களோ ராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் கீழ் பிடித்துவரப்பட்ட கிராமத்தவர்கள். அவர்களுக்குக் கோபுரம் எதுவும் இல்லை.

1832இல் ராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. இனி வீதி வெட்டுவது யார் என்ற கேள்வி எழுந்தபோது தென்னிந்தியாவிலிருந்து கூலிக்கு ஆட்களைக் கொண்டுவரும் வழக்கம் வலுப்பெற்றது. 'பயனியர்' என்று அழைக்கப்பட்ட வீதிப் படையில் தமிழர்கள் பெருந்தொகையாக இருந்தனர். தேயிலைக்கு முன்பே, ஏன், கோப்பித் தோட்டங்கள் பெருகுவதற்கு முன்பே தமிழ்த் தொழிலாளி இம்மலைகளில் வீதி வெட்டத் தொடங்கிவிட்டான். இதை நம்மவர்களிலேயே பலர் அறிந்திருப்பதில்லை.

நண்பர் கேட்டவை இப்பிரதான வீதிகள் அல்ல. 1840களில் கோப்பிப் பித்துத் தலைக்கேறித் துரைமார் காடுகளை வாங்கி அழித்தபோது, அதுவரை தவள மாடுகள் பொதி சுமந்து சென்ற தடங்கள் போதாமற் போயின. தோட்டத்திலிருந்து கோப்பி மூட்டைகளை மாட்டு வண்டியிற் கொண்டுசெல்லக் கிளை வீதிகள் வேண்டியிருந்தன. மலையைச் சுற்றிச் சுற்றி இவ்வீதிகள் ஏறுவது நம் கண்ணுக்கு விருந்தாவதற்காக அன்று. பாரம் ஏற்றிய ஒரு சோடி மாடுகள் மூச்சுவிட்டு ஏறத்தக்க சரிவுக்கு அவை அளந்து வெட்டப்பட்டன. மோட்டார் சைக்கிளுக்கு அச்சரிவு இதமாக இருப்பது நமது அதிர்ஷ்டம்.

இனி வழிக்கு வருவோம்.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குக் கம்பளை, புசல்லாவை, றம்பொடை ஊடாகச் செல்லும் பிரதான வீதி ஏறத்தாழ 80 கிலோமீற்றர். அதனை விட்டுவிடுங்கள். முதல் நாள் கலஹா, தெல்தோட்டை வழியாக ஏறுங்கள். தெல்தோட்டைக்கு மேலே லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1852இல் பதினாறு பதினேழு வயதில் இலங்கை வந்த ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம் இதுவே. அதே ஆண்டிற்றான் கண்டிக்குப் புகைவண்டியும் வந்தது. தோட்டத்துக்குள் வீதி ஒடுங்கிக் கற்கள் துருத்தி நிற்கும். அங்கே மணிக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் ஓட எண்ண வேண்டாம்.

அங்கிருந்து ஹேவாஹெட்ட, ரிகில்லகஸ்கட, பதியபெலல்ல, வலப்பனை என்று வீதி செல்கிறது. காலையில் குளிரில் நடுங்கியவர் வலப்பனையில் மேற்சட்டையைக் கழற்றுவார். பின்னர் ராகலை, கந்தப்பளை என்று ஏறி மீண்டும் குளிருக்குள் நுழைந்து, ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடையலாம். எரிபொருளைக் கண்டியிலேயே முழுமையாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

வழி கேட்பது பற்றி ஒரு வார்த்தை. மலையகத் தோட்டங்கள் பலவற்றுக்குப் பெயர் இரண்டு. பலகையில் இருப்பது துரை வைத்த பெயர். தொழிலாளர் நாவில் இருப்பது வேறொரு தமிழ்ப் பெயர். பலகைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் முதியவர்கள் விழிப்பதுண்டு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று, "அக்கா, இந்தப் பாதை எங்க போகுது?" என்று கேட்டால் தமிழ்ப் பெயரோடு வழியும் கிடைக்கும், எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்ற தகவலும் கிடைக்கும். கைத்தொலைபேசி வரைபடம் இந்த இரண்டாவதைச் சொல்லாது.

பாதை ஏன் இவ்வளவு மோசம் என்றும் நண்பரின் மகன் கேட்கக்கூடும். மழையும் மண்சரிவும் ஒரு பாதிக் காரணம். மறுபாதி சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் தமது நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். உறுப்பினர்களைத் தெரிவுசெய்தார்கள். ஆனால் அச்சபை அவர்களுடைய லயத்துக்கு முன்னாலுள்ள குழியை நிரப்பச் சட்டம் குறுக்கே நின்றது. கம்பனியைக் கேட்டால் அது தன் கணக்கைப் பார்க்கும். சபையைக் கேட்டால் சட்டத்தைக் காட்டும். பிரசவ வலியெடுத்த பெண்ணை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு இப்பாதைகளில் இறங்குவது எப்படி என்பதை நான் பார்த்திருக்கிறேன். சாரதி ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்குவார். அந்தப் பிரிவு 2018இற்றான் திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! உள்வீதியின் அழகைப் படமெடுப்பவர்கள் இதனையும் அறிந்திருப்பது நல்லது.

இரண்டாம் நாள் ஹக்கலை வழியாக ஊவாவுக்குள் இறங்க வேண்டும். வழியிலுள்ள சிறு பட்டினமாகிய கெப்பட்டிபொல, 1818 கிளர்ச்சிக்குத் தலைமைதாங்கி அவ்வாண்டு நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்ட மொணரவில கெப்பட்டிபொலவின் பெயரைத் தாங்கியது. கிளர்ச்சியை அடக்கும் பொருட்டு ஊவாவின் கிராமங்களும் வயல்களும் பாழாக்கப்பட்டன. இன்று வெலிமடைப் பக்கம் படிப்படியாகத் தெரியும் வயல்களையும் உருளைக்கிழங்குப் பாத்திகளையும் பார்ப்பவர்களுக்கு அது நினைவில் எழாது.

வெலிமடையிலிருந்து பொரலந்தை வழியாக ஹப்புத்தளை. மலைமுகட்டில் ஒரு கத்தி முனைபோல் அமைந்த ஊர் அது. 1845இல் இவ்வூரிற்றான் மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி மின்னல் தாக்கி இறந்தார். அவர் சுட்டுக்கொன்ற யானைகள் 1,400இற்கு மேல் என்று கூறப்படுகிறது. வீதிகள் அமைத்தவர்களுட் பெரும்புகழ் பெற்ற தோமஸ் ஸ்கின்னரும் யானை வேட்டையில் சளைத்தவரல்லர். இதில் ஒரு விசித்திரம் உண்டு. மலைத்தொடரைக் கடப்பதற்கு மிக இலகுவான சரிவைக் கண்டுபிடிப்பதில் யானைக்கு நிகரில்லை என்று, குடியேற்றச் செயலாளராகவிருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தம் நூலில் வியக்கிறார். யானை காட்டிய வழியைப் பின்பற்றியவர்கள் யானையை விட்டுவைக்கவில்லை.

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குச் செல்லும் வீதியை அதிகாலையிற் செல்லுங்கள். தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தோட்டம் அது. அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் உச்சிக்கு இன்று எல்லோரும் போகிறார்கள். காலை பத்து மணிக்குமேல் மேகம் மூடிவிடும். ஹப்புத்தளைக்குக் கீழே கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. போக்கிடம் எது என்பதற்குத்தான் பதில் இருக்கவில்லை. அதன் பின்னர் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மண்சரிவை ஏற்படுத்தி வீதிகளையும் உயிர்களையும் கொண்டுபோயிற்று. ஆகையால் நான் இங்கே குறிப்பிடும் ஒவ்வொரு வீதியையும் புறப்படுவதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மேற்குச் சரிவில் மே முதல் செப்டம்பர் வரையும், ஊவாச் சரிவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையும் மழை என்பது பொதுக் கணக்கு. இரு பக்கமும் போகும் இப்பயணத்துக்குப் பெப்ரவரியும் மார்ச்சும் பொருத்தமானவை.

வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு இலங்கையில் முறைப்படி ஏற்புப் பெற வேண்டும். தலைக்கவசம் இருவருக்கும் அவசியம். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரில் இறங்குங்கள். வளைவில் ஹோர்ன் அடியுங்கள். எதிரே தனியார் பஸ் வந்தால் ஓரத்தில் நின்றுவிடுங்கள். கௌரவம் பார்க்கும் இடமல்ல அது.

மூன்றாம் நாள் பண்டாரவளை, எல்ல ஊடாக நமுனுகுல மலையைச் சுற்றிப் பசறைக்குப் போகும் வீதி. எல்லயின் சந்தடி சில கிலோமீற்றரில் அடங்கிவிடும். பசறைக்கு அப்பால் மடுல்சீமை. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் புள்ளிகள் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது இப்பகுதியிற்றான். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே அப்பூஞ்சைக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பி அழிந்தது. துரைமார் பலர் நட்டப்பட்டு நாடு திரும்பினர். கோப்பிக்கென வெட்டிய வீதிகளில் தேயிலை ஏறியது.

தொழிலாளர் வந்த வழியையும் இங்கே சொல்ல வேண்டும். கோப்பிக் காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலும் தோட்டத்திலும் மாண்டவர்கள் 1841 முதல் எழுபதாயிரம் பேர் என்று கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இல் எழுதிற்று. அத்தொகையை வரலாற்றாசிரியர்கள் கேள்விக்குட்படுத்தியுள்ளனர். மரணம் மிகுந்திருந்தது என்பதை மறுப்பாரில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள்தாம் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றாயிற்று. நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் புகைவண்டியில் தலைமன்னாருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வீதிகளும் தோட்டங்களும் இங்கேயே இருந்தன.

மடுல்சீமையில் தங்குமிடம் குறைவு. அங்கிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கி இரவைக் கழிக்கலாம். 1924இல் புகைவண்டிப் பாதை வந்து முடிந்த ஊர் அது. மறுநாள் கண்டிக்குத் திரும்ப மகியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு ஏறும் வீதி உண்டு. பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னர் மடுல்சீமைக்கு ஏறத் தொடங்க வேண்டாம். மூடுபனி இறங்கினால் முன்சில்லுக்கு அப்பால் எதுவும் தெரியாது.