திருப்பெரும்பூதூர் நாட்டு ஏரிகளும் நமது கடமையும்



சென்ற சித்திரைத் திங்களில் நமது சங்கத்துக் கிளையொன்றில் மரபு நாள் விழா நடைபெற்றது. ஏப்ரல் 18ஆம் நாளைத் தொன்மைச் சின்னங்களின் நாளாக உலகத்தார் பலரும் கொண்டாடி வருதலை யாவரும் அறிவர். பந்தலும் தோரணமும் விருந்தும் குறைவின்றி அமைந்தன. யாமும் பேச அழைக்கப்பெற்றுச் சென்றிருந்தோம். பேசினோர் பலரும் நம் குலத்தின் பழம்பெருமையையே விரித்துரைத்தனர். யாமும் அவ்வழியே ஒரு நாழிகைக்கு மேற்பட உரைத்தோம் என்பதை மறைப்பது முறையன்று.

விழா முடிந்து வெளிப்போந்தபோது, எம்மிடம் பயிலும் மாணவனொருவன் அணுகி, "ஐயா, பந்தலுக்குப் பின்னே இரண்டு கல்தூண்கள் நிற்கின்றனவே, அவை எதற்காக நட்டவை?" என்று வினவினான். சென்று கண்டோம். அவை ஏரி மதகின் தூண்கள். இரண்டிற்கும் இடையே துளையிட்ட குறுக்குக் கற்கள் உள்ளன. அத்துளைகளின் வழியே ஒரு கழியை இறக்கி, அதன் அடியிலுள்ள அடைப்பைத் தூக்கியும் தாழ்த்தியும் வயலுக்கு வேண்டும் நீரை அளந்துவிட்டனர் நம் முன்னோர். இப்பொழுது மதகின்மேல் வேலிக்காத்தான் முளைத்திருந்தது. மதகிலிருந்து புறப்பட்ட வாய்க்கால் தூர்க்கப்பட்டிருந்தது. அத்தூர்த்த இடத்தின்மேலேதான் நமது விழாப் பந்தல் நின்றது. பழமையைப் போற்றக் கூடிய நாம், அப்பழமையின் மார்பிலேயே பந்தற்கால் நட்டிருந்தோம்!

அன்று முதல் எம் உள்ளத்தை விட்டு நீங்காத எண்ணம் ஒன்றை இங்கு அன்பர்கள் முன் வைக்கின்றோம். திருப்பெரும்பூதூர் முதல் ஒரகடம் வரையிலுள்ள இந்நாட்டின் முதற்பெரும் தொன்மைச் சின்னம் கோயிலுமன்று, கோட்டையுமன்று, ஏரியே ஆகும். அதனைக் காவாமல் ஏனையவற்றைக் காத்தோம் என்பது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் தெளிப்பது போலாம்.

இந்நாட்டின் இயற்கையைச் சிறிது நோக்குக. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இங்கில்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பெய்யும் பெருமழையே உழவர்க்கு முதல். நிலமோ மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சரிவது. சில நாளிற் பெய்து கடலுக்கு ஓடிவிடும் நீரை நிறுத்தி வைத்தாலன்றி இங்கு ஊர் உண்டாதல் இயலாது. ஆகவே முன்னோர் சரிவின் குறுக்கே பிறைவடிவாகக் கரையெழுப்பினர். மேலேரியின் கலங்கலில் வழியும் மிகைநீர் கீழேரிக்கு வரத்தாகுமாறு கால் வெட்டினர். இவ்வாறு ஏரியோடு ஏரியைத் தொடுத்து ஒரு மாலையாக்கினர். செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று பிற்காலத்தார் அழைத்தது இதுபற்றியே என்க. மேற்கே பாலாற்று வெள்ளத்தை வாங்கி, வழியிலுள்ள பல ஏரிகளை நிரப்பிக்கொண்டு திருப்பெரும்பூதூர் ஏரியை வந்தடையும் கம்பன் கால்வாய் இம்மாலையின் நாண் போன்றது. பல்லவ மரபிற் பிறந்த கம்பவருமன் பெயரே அதற்கு வழங்குகின்றது என்று கருதுவாரும் உளர்.

வாலாஜாபாத்துக்கு அண்மையிலுள்ள தென்னேரியை அன்பர்கள் பலரும் கண்டிருப்பர். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனே பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். அவன் பெயரால் திரையனேரி என வழங்கிய பேரேரியே தென்னேரி என்று மருவிற்று என்பது அறிஞர் கொள்கை. அரசன் அரண்மனையின் ஒரு கல்லையும் இன்று காட்டுவாரில்லை. ஆயின் அவன் பெயர் தாங்கிய ஏரி இன்றும் நீர் கொள்கின்றது. புகழ் நிற்குமிடம் எதுவென்று இதனால் அறியலாம்.

தாம்பரத்திலிருந்து திருப்பெரும்பூதூர் செல்லும் வழியில் மணிமங்கலம் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் சளுக்க வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவருமன் முறியடித்த போர்க்களங்களுள் மணிமங்கலமும் ஒன்றென்று கூரத்துச் செப்பேடு கூறும். தென்னாட்டு வரலாற்றின் போக்கையே திருப்பிய களங்களுள் அஃதொன்று. இவ்வூர்க் கோயில்களில் சோழர் கல்வெட்டுக்கள் பல உள்ளன. கிழக்கே குன்றத்தூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். திருப்பெரும்பூதூரோ 1017ஆம் ஆண்டில் இராமானுசர் தோன்றிய பதியாக வைணவர் போற்றுவது. இவற்றினும் மிக முற்பட்டது ஒரகடத்துக்கு அண்மையிலுள்ள வடக்குப்பட்டு. அங்கு 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கற்காலக் கருவிகளும், பின்னைக் காலத்து மணிகளும் பானையோடுகளும் பொன்னணித் துண்டுகளும் வெளிப்பட்டன. வேந்தர் பெயர்களைக் கேளாத காலத்திலும் இம்மண்ணில் மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி இக்காலத்து நிலையைக் காண்போம். 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்பூதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம் ஆகிய இடங்களில் தொழிற்பூங்காக்களை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை 1998இல் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பெற்றது. வேறு பல ஆலைகளும் வரிசையாக வந்தன. யாம் இவற்றைப் பழிக்க வந்தேமல்லேம். வானம் பார்த்துச் சோர்ந்த குடும்பங்கள் பல இவற்றால் நிமிர்ந்தன. எம்மிடம் பயின்ற மாணவர் பலர் அங்கு வேலை செய்து பெற்றோரைக் காக்கின்றனர். இவ்விதழைப் படிக்கும் இல்லங்களிலும் அவ்வூதியம் வாராத இல்லம் அரிது. அன்றியும், அந்நிலங்களை விற்றவர் யாவர்? நாமே அல்லமோ? ஆதலின் குற்றம் முழுவதையும் பிறர் தலையில் ஏற்றுதல் நேர்மையாகாது.

ஆயினும் ஏரி எவ்வாறு அழிகின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஏரியை எவரும் ஒரே நாளில் தூர்ப்பதில்லை. முதலில் மேற்புறத்து நீர்ப்பிடிப்பு மனையாகின்றது. மனையை உயர்த்த மண் கொட்டுவதால் மழைநீர் வழிமாறுகின்றது. பின்னர்ச் சாலையிடுவோர் வரத்துக்காலின் குறுக்கே சிறு குழாயொன்றைப் பதித்து மேலே நிரவி விடுகின்றனர். ஏரிக்கு நீர் குறைகின்றது. ஆயக்கட்டு நிலத்தார் பயிரிடுதலை விடுத்து நிலத்தை விற்கின்றனர். பாய்ச்சுவதற்கு வயலே இல்லையாயின் மதகைப் பழுதுபார்ப்பார் யார்? இறுதியில், "இது பயனற்ற பள்ளம்" என்று எல்லாரும் கூறத் தொடங்குகின்றனர். ஏரி என்ற பெயர் பதிவேட்டில் மட்டும் எஞ்சுகின்றது.

சட்டம் காவாதோ என்று அன்பர் கேட்கலாம். 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் உண்டு. 2010இல் அதனைத் திருத்தி, காவற்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடம் கூடாதென்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டல் வேண்டுமென்றும் விதித்தனர். நன்று. ஆயின் கோயிலைச் சுற்றிய 100 மீட்டருக்குள் அக்கோயிலை வாழ்வித்த ஏரி அடங்குமோ? விளக்கெரிக்க நெய்யும் அமுதுபடிக்கு நெல்லும் தந்த வயல் அடங்குமோ? படை மோதிய களம் அடங்குமோ? கல்லுக்கு வேலியுண்டு, கல்லை நிறுத்திய ஊருக்கு வேலியில்லை. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புக்களை அகற்றவும் 2007இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பெற்றது. அது நீரைக் கருதியது. அவ்வேரியின் வரலாற்றைக் கருதியதன்று. இரண்டு சட்டங்களுக்கும் இடையே இந்நாட்டின் பழமை நழுவி வீழ்கின்றது.

கல்லையேனும் பெயர்த்து வைக்கலாம். கிருஷ்ணையாற்றின் குறுக்கே நாகார்ச்சுனசாகர் அணை எழுந்தபோது, நீரில் மூழ்கவிருந்த நாகார்ச்சுனகொண்டாவை 1954 முதல் 1960 வரை அகழ்ந்து, பௌத்தச் சின்னங்களைப் பெயர்த்து மேட்டில் அமைத்தனர். ஏரியை எங்ஙனம் பெயர்ப்பது? அது நிலத்தின் சரிவோடு பிறந்தது. இடம் பெயர்ந்தால் அஃது ஏரியாகாது, தொட்டியாகும்.

நாம் மறந்தாலும் நீர் தன் வழியை மறவாது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்ததை எவர் மறப்பார்? செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பெற்றது. அதுவேயுமன்றி, மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஏரிகளின் மிகைநீரும் அடையாற்றிற் சேர்ந்தது. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் மாடிமேல் ஏறி நின்று உயிர் பிழைத்தோர் நம் உறவினருள்ளும் உளர். பழைய கால்களின்மேல் வீடு கட்டியோர், அந்நாளில்தான் அவை கால்கள் என்று அறிந்தனர். வரலாற்றை அறியாமை ஏட்டளவில் நிற்கும் குறையன்று. உயிர்க்கும் கேடாம் என்பதற்கு இதுவே சான்று.

இப்பொழுது நம் அயலிலேயே மற்றொரு பெரிய வினா எழுந்துள்ளது. பரந்தூரில் புதிய வானூர்தி நிலையம் அமைப்பதாக 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிவிப்பு வெளிவந்தது. குறிக்கப்பெற்ற நிலத்தில் நஞ்சையும் ஏரி குளங்களும் மிகுதி. மேற்கூறிய கம்பன் கால்வாயும் அதனூடே செல்கின்றது. ஏகனாபுரம் முதலிய ஊரார் நெடுநாள் எதிர்த்துப் போராடினர். நாட்டுக்கு வானூர்தி நிலையம் வேண்டுமென்பாரும், ஊரும் ஏரியும் அழியலாகாது என்பாரும் நம் சங்கத்திலேயே இருதிறத்தும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் எத்திறத்தாரும் மறுக்கவொண்ணாதது ஒன்றுண்டு: இழக்கப்போவது இன்னதென்று முழுதும் எழுதி வைத்த பின்னரே, இழக்கலாமா என்று ஆராய்தல் தகும்.

எழுதி வைத்தலின் வலிமையை மதுரைக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி காட்டிற்று. சமணர் படுக்கையும், தமிழிக் கல்வெட்டும், பாண்டியர் காலத்துக் குடைவரையும், ஏரிகளும், அரிய பறவைகளும் உள்ள அவ்விடம் 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பெற்றிருந்தது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்ததும், சுற்றிலுமுள்ள ஊரார் சாதி சமய வேறுபாடின்றித் திரண்டனர். 2025 ஜனவரி 23ஆம் நாள் ஏலம் நீக்கப்பெற்றது. திரண்ட மக்கள் தம் ஊரில் இருப்பது இன்னதென்று பெயர் சொல்லிக் காட்ட வல்லராயிருந்தனர். நம்மூர் ஏரிக்கு அந்நிலை வருமாயின், அதன் மதகு எத்தனை, கலங்கல் எங்குள்ளது, கால் எவ்வழி வருவது என்று சொல்லவல்லார் நம்முள் எத்தனை பேர்?

ஈண்டு அன்பர்களுக்கு மனம் நோவாத வண்ணம் ஒன்று கூற விழைகின்றோம். நம் குலம் எந்த வேந்தர் வழிவந்தது என்று ஆராய்ந்து எழுதுமாறு எமக்கு அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. அவ்வாராய்ச்சி வேண்டாவென்று சொல்லேம். ஆயின் ஏரியின் வரலாறு ஒரு குலத்திற்கு உரியதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள், குடவோலையால் ஏரி வாரியம் தெரிந்தெடுத்த முறையை விளக்குகின்றன. அவ்வாரியத்தில் இடம்பெற்றோர் பிரமதேயச் சபையார் மட்டுமே. கரைக்கு மண் சுமந்தோர், கல் பிளந்தோர், நள்ளிரவில் வெள்ளம் வந்தபோது மதகு காத்தோர் பெயர்கள் அக்கல்லில் இல்லை. நம் ஊர்களில் நீர் பாய்ச்சும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த நீர்க்கட்டிகளுட் பலர், ஊருக்குப் புறத்தே வைக்கப்பட்டிருந்த மக்களாவர். மேற்சொன்ன மதகு இயங்கிய முறையை அன்று எமக்கு விளக்கியவரும் அத்தகைய முதியவர் ஒருவரே. விழாவில் அவர்க்கு இருக்கையிடப்படவில்லை. வருமாண்டு முதல் இருக்கை அவர்க்கே இடுவோமாக.

ஆதலின் நம் கிளைகள் செய்தற்குரியன சிலவற்றைக் குறிக்கின்றோம். முதலாவது, ஒவ்வொரு கிளையும் ஓர் ஊர்ச் சுவடி எழுதுக. ஏரியின் பெயர், புல எண், பரப்பு, வரத்துக்கால், மதகு, கலங்கல் ஆகியவற்றைக் கிராம 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து எழுதி, முதியோர் சொல்வனவற்றையும் சேர்க்க. இரண்டாவது, மரபு நாள் விழாவைப் பந்தலில் நடத்தாது ஏரிக்கரையில் நடத்துக, சிறுவரை வரத்துக்காலிலிருந்து கலங்கல் வரை நடத்திச் செல்க, அயலாரையும் அழைக்க. மூன்றாவது, எழுத்துள்ள கல்லோ பழம்பானையோ கிடைப்பின் அதனைப் பெயர்க்காமலும் சாயம் பூசாமலும் வட்டாட்சியர்க்கும் தொல்லியல் துறைக்கும் அறிவிக்க. நான்காவது, ஜனவரி 26 முதலிய நாள்களில் கூடும் கிராம சபையில் கால்வாய் மீட்கத் தீர்மானம் கொணர்க. ஐந்தாவது, நிலம் விற்கும் அன்பர், அதனூடே செல்லும் காலை அடைக்கலாகாது என்பதைப் பத்திரத்திலேயே எழுதுவிக்க.

இவை பெரும்பொருள் வேண்டுவன அல்ல. ஓர் ஏடும், ஓர் எழுதுகோலும், சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். யாம் எம் மாணவரோடு அம்மதகின் அளவெடுக்கத் தொடங்கியுள்ளோம். முதற்சுவடி முடிந்தவுடன் சங்கத்துக்கு அனுப்புவோம். அடுத்த மரபு நாளுக்குள் பத்துக் கிளைகளேனும் தத்தம் ஏரியின் சுவடியோடு வருமாயின், நம் சங்கம் இந்நாட்டுக்குச் செய்த தொண்டுகளுள் அதுவே தலையாயதாகும்.

ஏரிகள் நிறைக, ஊர்கள் வாழ்க.