பெருந்தொற்றும் முதியோரைப் பேணும் குடும்பத்தினரும்

முதுமையாலோ நோயாலோ தம் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ள முடியாத மூத்தவர்களுக்கு ஊதியமின்றிப் பணிவிடை செய்யும் மனைவி, கணவன், மகள், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் ஆகியோரை முதியோரைப் பேணும் குடும்பத்தினர் என்கிறோம். குளிப்பாட்டுவது, கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப்போவது, சோறு ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, நடுராத்திரியில் எழுந்து புரட்டிப் படுக்கவைப்பது என இவர்களுடைய வேலை முழுவதும் தொட்டுச் செய்வது. தொற்றுநோய் வந்தால் அரசுகள் முதலில் சொல்வது விலகியிருக்கும்படி. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்த கோவிட்-19 காலத்தில் இவ்விரண்டும் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொண்டன. இக்கட்டுரை அந்த மோதலை இந்தியாவை, குறிப்பாகத் தமிழ்நாட்டை வைத்து விவரிக்கிறது. ஒப்பீட்டுக்கு மட்டும் பிரிட்டனும் அமெரிக்காவும் வருகின்றன.

பின்னணி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 10.4 கோடி. 2021-க்கான மதிப்பீடுகளில் மக்கள்தொகையில் முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் கேரளம் (16.5 விழுக்காடு), அடுத்தது தமிழ்நாடு (13.6 விழுக்காடு). முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள் இதில் சிறு பகுதியினரே. மற்றவர்களுக்கு வீடுதான் மருத்துவமனை, வீட்டிலிருப்பவர்தான் செவிலியர்.

அந்தச் செவிலியர் பெரும்பாலும் பெண். பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டான 2019-இல் நடுவண் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதற்குச் சான்று. ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். வீட்டிலுள்ள குழந்தைகள், முதியோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதில் ஈடுபட்ட பெண்கள் 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டார்கள். ஊரடங்கு வந்து ஆண்கள் எல்லோரும் வீட்டில் முடங்கியபோது இந்த இடைவெளி குறைந்திருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். சில வீடுகளில் குறையவும் செய்தது. பல வீடுகளில் காபி போடவேண்டிய டம்ளர்களின் எண்ணிக்கைதான் கூடியது.

ஊரடங்கும் ஆள் வராத வீடும்

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கே தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு போடப்பட்டிருந்தது. பேருந்தும் ரயிலும் நின்றவுடன் நகரத்து வீடுகளில் முதலில் அறுந்தது கூலிக்கு வந்த கைகளின் உதவி. ஏஜென்சி மூலம் வந்துகொண்டிருந்த ஹோம் நர்ஸ், பகல் முழுதும் பாட்டியோடு இருந்த ஆயா, பிசியோதெரபி செய்ய வருபவர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா என யாரும் வர வழியில்லை. வந்தாலும் உள்ளே விட அடுக்ககச் சங்கங்கள் தயங்கின.

வீடுகளில் வசிக்கும் முதியோரின் படுக்கையருகே இருந்து பார்த்துக்கொள்ளும் உதவியாளர்களுக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு உண்டு என்று நடுவண் உள்துறை அமைச்சகம் தெளிவுபடுத்தியது ஏப்ரல் 21-இல். ஊரடங்கு தொடங்கி நான்கு வாரம் ஆகப்போகும் நேரம் அது. பக்கவாதத்தில் படுத்தவரை ஒற்றை ஆளாகத் தூக்கி உட்காரவைத்த மருமகளுக்கு நான்கு வாரம் சின்னக் காலமில்லை. விலக்கு வந்த பிறகும் பேருந்து ஓடாததால் பல உதவியாளர்களால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

வேறூரில் இருக்கும் பிள்ளைகளின் நிலை இன்னொரு விதம். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் ஆகியவையே அதற்கு முதன்மையாக ஏற்கப்பட்ட காரணங்கள். மதுரையில் தனியாக இருக்கும் அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது இந்த மூன்றில் எதிலும் அடங்காது. விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் உடனடியாக இ-பாஸ் தரும் முறை 2020 ஆகஸ்ட் 17-இல் வந்தது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸே வேண்டாம் என்றானது. வெளிநாட்டில் இருந்தவர்களின் காத்திருப்பு இதைவிட நீண்டது. அவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் சிறப்பு விமானங்கள் 2020 மே 7-இல் தொடங்கினாலும், வழக்கமான பன்னாட்டு விமானச் சேவை திரும்பியது 2022 மார்ச் 27-இல்தான். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த மகன்களும் மகள்களும் பெற்றோரைப் பார்த்துக்கொண்டது செல்பேசித் திரையில். பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக்கடைப் பையன், ஊரிலேயே தங்கிவிட்ட தங்கை ஆகியோரின் தயவில் அந்தப் பராமரிப்பு நடந்தது. உள்ளூரில் இருக்கும் ஒரு பிள்ளையின் தலையில் எல்லாம் விழுவது பெருந்தொற்றுக்கு முன்பே உள்ள வழக்கம். பணம் அனுப்புகிறவருக்கும் மலம் அள்ளுகிறவருக்கும் இடையே உள்ள மனக்கசப்பை இந்த இரண்டாண்டுகள் கூட்டின.

வீட்டுக்குள் நடந்தது

முதியவர்கள் வெளியே போகக்கூடாது என்பது எல்லா அரசுகளின் அறிவுரையும். கேரளம் இதை ‘ரிவர்ஸ் குவாரண்டைன்’ என்ற பெயரில் ஒரு முறையாகவே நடத்தியது. நோயுற்றவரைப் பிரித்து வைப்பதற்குப் பதிலாக, நோய் வந்தால் தாங்கமாட்டாதவரைத் தனியறையில் வைத்துக் காப்பது அதன் அடிப்படை. தனியறை, தனிக் கழிப்பறை, பார்த்துக்கொள்ள ஒரே ஆள் என்பது அதன் இலக்கணம். ஒற்றை அறையும் பொதுக் கழிப்பறையும் கொண்ட சென்னைக் குடியிருப்புகளுக்கு இந்த இலக்கணம் எட்டாதது. அங்கே பாட்டியின் கட்டிலுக்கும் வேலைக்குப் போய்வரும் மகனின் பாய்க்கும் இடையே ஒரு புடவைத் திரைதான்.

வெளியே போய்வருபவரே உள்ளே இருப்பவருக்குச் சோறூட்டவும் வேண்டியிருந்ததால், பேணுபவர் ஒரே நேரத்தில் காவலாகவும் ஆபத்தாகவும் ஆனார். காய்கறி வாங்கி வந்தவுடன் குளித்து, துணியை ஊறவைத்து, அதன் பிறகே அம்மாவின் அறைக்குள் நுழைவது வழக்கமாயிற்று. பிற்பாடு முதியவருக்குத் தொற்று வந்துவிட்டால் ‘என்னாலதான் வந்துச்சோ’ என்ற கேள்வி எழும். வைரஸ் வந்த வழியை எந்தச் சோதனையும் காட்டாது. ஆகவே அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல எவராலும் முடியவில்லை.

தொற்று பேணுபவருக்கே வந்தபோது சிக்கல் முற்றியது. தொடக்க மாதங்களில் தொற்று உறுதியானவரை வீட்டிலிருந்து அழைத்துப்போய்விடுவார்கள். எழுந்து நடக்க முடியாத எண்பது வயதுக்காரருக்கு அன்றிரவு யார் சோறு போடுவது என்பதற்கு நடைமுறை விதிகளில் விடையில்லை. கணவனை மனைவி பார்த்துக்கொள்ளும் வீடுகளில் பேணுபவரும் எழுபதைத் தாண்டியவர் என்பதால், ஒருவர் விழுந்தால் இருவரும் விழுந்தார்கள்.

மறதி நோய் உள்ளவர்களின் வீடுகளில் நடந்ததைத் தனியே சொல்லவேண்டும். முகக்கவசம் எதற்கு என்பது அவர்களுக்கு விளங்காது. மாட்டிவிட்டால் பிடுங்கி எறிவார்கள். மகள் முகக்கவசத்தோடு வந்தால் யாரோ அன்னியர் என்று மிரள்வார்கள். காது மந்தமானவர்கள் அதுவரை உதட்டசைவைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொண்டிருந்தார்கள், அதுவும் போயிற்று. முகக்கவசத்தின் நாடா காதுக் கருவியில் சிக்கி அதைக் கழற்றிவிடுவது இன்னொரு தொல்லை. காலையில் கோயில் வரை, மாலையில் டீக்கடை வரை என்று நடந்து பழகிய கால்கள் வாசற்கதவைத் தட்டியபடி நின்றன. ஒரே பதிலை நாளுக்கு நாற்பது தடவை சொல்லவேண்டியிருந்தவர், தனக்கென்று கிடைத்துவந்த அந்த அரை மணி நேர ஓய்வையும் இழந்தார்.

கருவிகளும் கைகளும்

மருத்துவமனையில் நடந்த வேலைகள் பல வீட்டுக்கு வந்தன. மூக்கு வழி உணவுக்குழாயைச் சுத்தம் செய்வது, யூரின் பையை மாற்றுவது, படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போடுவது ஆகியவற்றை வாட்ஸ்அப் வீடியோவில் செவிலியர் சொல்லச் சொல்லக் குடும்பத்தினர் செய்தார்கள். தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை நடுவண் சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 25-இல், அதாவது ஊரடங்கின் முதல் நாளிலேயே, வெளியிட்டது. நெருக்கடியில் அரசு விரைந்து செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. அரசின் இணையவழிப் புறநோயாளர் சேவையான இ-சஞ்சீவனி அடுத்த மாதமே தொடங்கியது.

2021 ஏப்ரல், மே மாத இரண்டாம் அலையில், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீடுகளுக்குள் வந்துசேர்ந்தது. எண் 94-க்குக் கீழே போனால் மருத்துவமனை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் முதியவரின் விரலில் அந்தக் கருவி எளிதில் பேசாது. விரல் குளிர்ந்திருந்தால் இரத்த ஓட்டம் குறைந்து எண் இறங்கும். கை நடுங்கினால் எண் தாவும். தடித்த நகமும் நகப்பூச்சும் குழப்பும். 88 என்று காட்டியதைப் பார்த்து நெஞ்சு பதற, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டி, அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருந்தால் 95 வரும். அந்த ஒரு நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்யவேண்டியவர் எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு மகள். குப்புறப் படுக்கவைத்தால் ஆக்சிஜன் ஏறும் என்ற அறிவுரையும் வந்தது. முதுகு கூன் விழுந்தவரை எப்படிக் குப்புறப் படுக்கவைப்பது என்பதை வீட்டிலிருந்தவர்கள் தலையணைகளை அடுக்கி அடுக்கித்தான் கண்டுபிடித்தார்கள்.

மருத்துவமனையும் இறப்பும்

கோவிட் வார்டுகளில் உடன் இருப்பவருக்குப் பொதுவாக அனுமதி இருக்கவில்லை. நம் மருத்துவமனைகளில் நோயாளிக்கு உணவு கொடுப்பதும் பெட்பேன் வைப்பதும் பெரும்பகுதி உறவினர் செய்வது. அவர் வெளியே நிறுத்தப்பட்டதும் அந்த வேலைகள் ஏற்கெனவே ஆள் போதாத செவிலியர்மேல் விழுந்தன. வெளியே நின்றவருக்கு வேறு அலைச்சல் இருந்தது. ரெம்டெசிவிர் மருந்துக்காக 2021 மே மாதம் சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் பிறகு நேரு விளையாட்டரங்கிலும் வரிசையில் நின்றவர்களில் பலர், வீட்டில் இன்னொரு நோயாளியை விட்டு வந்தவர்கள். அந்த மருந்து உயிர்காக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது.

இறந்தவர்களின் உடலைக் கையாள்வதற்கான நடுவண் அரசின் வழிகாட்டுதல் 2020 மார்ச்சில் வந்தது. பையின் ஜிப்பைப் பணியாளர் திறந்து காட்ட, முகம் பார்க்கலாம். தொடாமல் செய்யக்கூடிய சடங்குகளைச் செய்யலாம். குளிப்பாட்டுவதும் கட்டியணைப்பதும் கூடாது. ஆண்டுக்கணக்கில் அந்த உடலைத் தினமும் குளிப்பாட்டியவருக்குக் கடைசிக் குளியல் மறுக்கப்பட்டது. வாய்க்கரிசி போட முடியவில்லை. இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்ற வரம்பில் ஒப்பாரிக்கும் ஆளில்லை. பதினாறாம் நாள் காரியம் பல வீடுகளில் நான்கு பேரோடு முடிந்தது. துக்கம் கேட்க வருபவர்களின் தொல்லையைக் குறைசொல்லும் நாம், அவர்கள் வராத வீட்டின் நிலையை அப்போது பார்த்தோம்.

மனச்சுமை

பேணுபவரின் சுமையை அளக்க 1980-இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஸாரிட்டும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய வினாநிரலே இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. பெருந்தொற்றில் இந்தச் சுமை எங்கே போய் நின்றது என்பதற்கு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு ஒரு குறிப்புத் தருகிறது. ஜூன் மாத இறுதியில் கேட்கப்பட்டவர்களில், முந்தைய 30 நாட்களுக்குள் தற்கொலை பற்றித் தீவிரமாக எண்ணியதாகச் சொன்னவர்கள் மொத்தத்தில் 10.7 விழுக்காடு, வயதுவந்தோரை ஊதியமின்றிப் பேணுபவர்களிடையே 30.7 விழுக்காடு. இணையம் வழி எடுத்த ஆய்வு என்பதால் எண்ணைச் சற்றுத் தள்ளிவைத்தே படிக்கவேண்டும். ஆனாலும் மூன்று மடங்கு வேறுபாடு புறந்தள்ளக்கூடியதில்லை.

சுமை மட்டுமே கதை என்பதும் சரியாகாது. வீட்டிலிருந்து வேலை பார்க்க ஊருக்குத் திரும்பிய பிள்ளைகளால் பல பெற்றோருக்கு ஆண்டுக்கணக்கில் கிடைக்காத துணை கிடைத்தது. மடிக்கணினியை ஒரு பக்கமும் அப்பாவின் சர்க்கரை மாத்திரையை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு சமாளித்தவர்களில் சிலர், அலுவலகம் திரும்ப அழைத்தபோது வேலையை விட்டார்கள்.

தடுப்பூசி வரிசை

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி 2021 மார்ச் 1-இல் தொடங்கியது. 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஏப்ரல் 1. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மே 1. முதியோரைப் பேணுபவர்களுக்கென்று வரிசையில் தனி இடமில்லை. மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் 38 வயதுப் பெண்ணின் முறை வந்தபோது இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரிட்டனில் முதியோர் அல்லது மாற்றுத்திறனாளி ஒருவரை முதன்மையாகப் பேணும் குடும்பத்தினர் முன்னுரிமைப் பட்டியலின் ஆறாம் பிரிவில் வைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே பேணுபவர்களுக்கென்று உதவித்தொகையும் பதிவும் முன்பே இருந்ததால் அவர்களில் பலரை அடையாளம் காண முடிந்தது. இங்கே அப்படியொரு பட்டியல் இருக்கவில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை மையத்துக்குக் கொண்டுபோவது வேறு போராட்டம். வீட்டுக்கே வந்து போடவேண்டும் என்ற பொதுநல வழக்கு மும்பை உயர்நீதிமன்றத்தில் நடந்தது. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே தடுப்பூசி போடுவதை நாடு முழுமைக்கும் நடுவண் அரசு அறிவித்தது 2021 செப்டம்பரில்.

திட்டங்களும் சட்டமும்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. பிசியோதெரபி, வலிநிவாரணப் பராமரிப்பு ஆகியவையும் உண்டு. மாதாமாதம் மருந்துக்காக அரை நாள் வேலையை விட்டவருக்கு அந்த அரை நாள் மிச்சமாயிற்று. முதியோருக்கான 14567 உதவி எண்ணும் அதே ஆண்டில் வந்தது. பேணுபவர் இரண்டு நாள் ஓய்வெடுக்க முதியவரை நம்பி விட்டுச்செல்லும் தற்காலிகப் பராமரிப்பு இடங்கள் இவற்றில் சேரவில்லை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் பெற்றோரைக் கைவிடுவதற்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. கைவிடாமல் பார்த்துக்கொள்பவர் பற்றி அதில் பேச்சில்லை. ‘பிள்ளைகள்’ என்பதற்கு அது தரும் விளக்கத்தில் மகன், மகள், பேரன், பேத்தி உண்டு, மருமகள் இல்லை. மருமகளையும் மருமகனையும் சேர்த்து, வீட்டில் வழங்கும் பராமரிப்புச் சேவைகளையும் முறைப்படுத்தும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாயிற்று. பெருந்தொற்றுக் காலம் முழுவதும் நிலுவையிலிருந்த அது, 2024-இல் பதினேழாம் மக்களவை கலைக்கப்பட்டபோது காலாவதியானது.