சாரணன் வாக்குறுதியும் நாடற்ற சிறுவரும்

சாரணர் இயக்கம் சிறுவர்க்கு முடிச்சிடவும் கூடாரமடிக்கவும் கற்பிக்கும் பொழுதுபோக்கென எண்ணுவோர் பலர். அதன் உயிர்நிலை முடிச்சிலன்று, வாக்குறுதியிலேயே உள்ளது. கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை செய்தல், எப்பொழுதும் பிறர்க்கு உதவுதல், சாரணர் விதிக்கமைந்து ஒழுகுதல் என்னும் மூன்றையும் சிறுவன் தன் மானத்தின்மீது ஆணையாக ஏற்கின்றான்.

1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் பிரவுன்சீத் தீவிலே பேடன் பவல் நடாத்திய முதற் பாசறையில் ஏறத்தாழ 20 சிறுவர் கலந்துகொண்டனர். ஈற்றன், ஹரோ முதலிய செல்வர் கல்லூரிகளின் மாணவரும் தொழிலாளர் மைந்தரும் ஒரே அணியிற் கலந்திருந்தனர். வகுப்பு வேற்றுமை மிக்க அந்நாட்டில் இது சிறுசெயலன்று. மறு ஆண்டு வெளிவந்த அவரது நூல் ஒன்பது விதிகளைக் கூறிற்று. மனமொழிமெய்த் தூய்மையை வேண்டும் பத்தாம் விதி 1911இலேயே சேர்ந்தது. எவ்வகுப்பிற் பிறந்தவனாயினும் சாரணன் மற்றைச் சாரணனுக்கு உடன்பிறந்தான் என்பது நான்காம் விதி. இரண்டாம் விதியோ மன்னர்க்கும் நாட்டுக்கும் மட்டுமன்றி, வேலை கொடுப்போர்க்கும் விசுவாசமாயிருத்தலை வேண்டிற்று. பேரரசின் சாயல் அதிற் படிந்திருந்தமையை மறைத்தல் வரலாறாகாது.

இலங்கையில் இவ்வியக்கம் 1912இல், மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியிலே எவ். ஜி. ஸ்டீவன்ஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. தோட்டங்கள் சூழ்ந்த மலைநாட்டிற் பிறந்தும், அது பெரும்பாலும் நகரக் கல்லூரிகள் வழியே வளர்ந்தது. தோட்டப் பாடசாலைகளோ நெடுங்காலம் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன.

இரத்தினபுரி மாவட்டத்து றக்வானவை எண்ணிப் பார்க்கலாம். முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரான அம்மலைச் சாரலில், தமிழ்நாட்டிலிருந்து வந்தோரின் பரம்பரை லயங்களிலே வாழ்ந்தது. அங்கே வேலை கொடுப்போர்க்கு விசுவாசம் என்பதைக் கற்பிக்க எந்நூலும் வேண்டியிருந்ததில்லை. நாடு என்னும் சொல்லே சிக்கலாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனிடமும் அவன் தந்தையின் பிறப்புக்கு, அன்றேல் பாட்டன் பூட்டன் இருவரின் பிறப்புக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த முற்காலத்துக்குச் சான்று தேடி எங்கே செல்வது? தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். நாட்டுக்குக் கடமை செய்வேன் எனக் கைதூக்கும் சிறுவனுக்கு, அந்நாடு எதுவெனச் சொல்லும் பொறுப்பு அரசினதேயன்றி அவனதன்று.

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகுத்தது; எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்து விளையாட்டுத் தோழர் இருவருள் ஒருவன் கப்பலேற, மற்றவன் தங்கினான். நான்காம் விதி கூறும் உடன்பிறப்பை எவ்வொப்பந்தமும் கணக்கிலெடுக்கவில்லை. எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலே நிறைவேறிற்று. 1948இல் 11 வயதினனாய், சாரணனாகச் சேரும் பருவத்திலிருந்த சிறுவன், அதுவரை காத்திருந்தானாயின், அப்பொழுது 66 வயது முதியவன்.