நத்தைப் பந்தயமும் இரண்டு மணிச் செய்தியும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பயின்ற எவருக்கும் காலை வழிபாட்டுக் கூட்டம் நினைவிருக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், அதன் பின் ‘இன்றைய செய்திகள்’. அன்றைய முறைக்குரிய மாணவர் நாளிதழின் தலைப்புகள் நாலைந்தை நோட்டுத் தாளில் எழுதி வந்து ஒலிபெருக்கி முன் நின்று வாசிப்பார். வானொலியில் சரோஜ் நாராயணசுவாமியின் குரலைக் கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறையினர், அந்தக் கம்பீரத்தைத் தம் கீச்சுக் குரலில் கொண்டுவர முயன்றதும் உண்டு. தில்லியில் அமைச்சரவைக் கூட்டம், எங்கோ வெள்ளம், பிறகு கிரிக்கெட். வாசித்து முடித்தவரிடம் அச்செய்திகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் விடை வராது. வாசித்த குரல் அவருடையது, செய்தி அவருடையதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுநிலைப் பள்ளியில் இந்த வழக்கத்தைச் சற்றே மாற்றிப் பார்க்க ஆசிரியர்கள் விரும்பினர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே செய்தி திரட்டி, எழுதி, வெள்ளிதோறும் பத்து நிமிடம் வாசிப்பது என்று திட்டம். மொழியைச் செம்மைப்படுத்த என்னை அழைத்திருந்தார்கள். மூன்றாம் வாரம் ஒரு சிறுமி எழுதி வந்த செய்தி இது: மாணவியர் கழிப்பறையில் பதினொரு நாளாகத் தண்ணீர் வரவில்லை, மோட்டார் எரிந்துவிட்டதாகக் காவலாளி கூறினார், பழுது பார்ப்பவர் இருமுறை வந்து பார்த்துச் சென்றிருக்கிறார், நாளொன்றுக்குப் பதினான்கு வாளித் தண்ணீர் மாணவியரால் சுமந்து வரப்படுகிறது. வாளிகளை அவளே நின்று எண்ணியிருந்தாள்.

அச்செய்தி வாசிக்கப்படவில்லை. நீக்கியவர்களைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. “இது செய்தியன்று, புகார்” என்று எடுத்துக் கொடுத்தவனே நான்தான். அதற்குப் பதிலாக மரம் நடுவதைப் பற்றிய எட்டு வரிக் கவிதை வாசிக்கப்பட்டது. கைதட்டல் கிடைத்தது. அந்தச் சிறுமி அடுத்த வாரத்திலிருந்து நாளிதழ்த் தலைப்புகளை எழுதி வரத் தொடங்கினாள்.

அந்த வாளிக் கணக்கு என்னை விடவில்லை. சிறுவர் கையில் செய்தியைக் கொடுத்துப் பார்த்தவர்கள் உலகில் வேறு எவரேனும் உண்டா, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தேடிப் படிக்கலானேன். அத்தேடலில் கிடைத்த சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

*

முதற்பெயர் செலஸ்தேன் ஃப்ரெனே. 1896-இல் தென்கிழக்குப் பிரான்சின் மலைக் கிராமமொன்றில் பிறந்தவர். முதல் உலகப் போரில் 1917-இல் மார்பில் குண்டடி பட்டார். 1920-இல் பார்-சுர்-லூ என்னும் சிற்றூர்ப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தபோது, நீண்ட நேரம் உரக்கப் பேசும் மூச்சுவலிமை தமக்கில்லை என்பதை அவரே பின்னர் எழுதியிருக்கிறார். பேசிக்கொண்டே இருப்பதுதான் ஆசிரியத் தொழில் என்று கருதப்பட்ட காலத்தில், பேச இயலாத ஆசிரியர் என்ன செய்வார்? பிள்ளைகளை வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் கைவினைஞர் பட்டறைகளுக்கும் அழைத்துச் சென்றார். திரும்பி வந்ததும் அவர்களைப் பேசவிட்டார்.

சிக்கல் அதன் பின்னர்தான் தோன்றியது. பிள்ளைகள் உயிரோடு பேசினார்கள். கரும்பலகையில் எழுதப்பட்ட அப்பேச்சு மாலையில் அழிக்கப்பட்டது. மறுநாள் மீண்டும் பாடநூலின் உயிரற்ற வாக்கியங்கள். 1924-இல் ஃப்ரெனே ஒரு சிறு கை அச்சுப்பொறியை வாங்கி வகுப்பறையில் வைத்தார். எந்த உரையை அச்சிடுவது என்பதை வகுப்பு கூடி முடிவு செய்யும். பிள்ளைகளே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, தாள்களை எடுப்பார்கள். பூச்சிகளிலும் நத்தைகளிலும் மனம் தோய்ந்திருந்த ஒரு சிறுவனால் வகுப்பில் நத்தைப் பந்தயம் நடந்ததும், அது உரையாக உருப்பெற்றதும் ஃப்ரெனே மரபில் இன்றும் சொல்லப்படும் கதை. அவருடைய வாழ்வைத் தழுவி 1949-இல் ஒரு பிரெஞ்சுத் திரைப்படமும் வெளிவந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது, அச்சிட்ட தாள்கள் எங்கே சென்றன என்பதே. அவை பிரான்சின் வடமேற்கு மூலையில், பிரித்தனியின் கடலோரத்தில் இருந்த த்ரேகுங்க் ஊர்ப் பள்ளிக்கு அஞ்சலில் சென்றன. அங்கே ரெனே தானியேல் என்ற ஆசிரியர் அதே பணியைச் செய்துவந்தார். மலையும் ஆலிவ் மரமும் அறிந்த பிள்ளைகளும், கடலும் மீனும் அறிந்த பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பினர். ஆலிவ் மரத்தைக் கண்டிராத ஒருவனுக்கு அதைப் பற்றி எழுத வேண்டுமாயின், எழுதுபவன் தன் வீட்டு முன் நிற்கும் மரத்தை முதன்முறையாக உற்றுப் பார்த்தாக வேண்டும். ஆசிரியர் ஒருவருக்காகவே எழுதப்படும் கட்டுரையில் இக்கட்டாயம் இல்லை. ஆசிரியருக்குத்தான் எல்லாம் தெரியுமே! படைப்பாற்றல் எனில் இல்லாததைக் கற்பனை செய்வது என்றே நாம் கற்பித்து வந்திருக்கிறோம். இருப்பதைக் காண்பதும் படைப்பே என்பதை அம்மலைக் கிராமத்துப் பிள்ளைகள் காட்டினார்கள்.

இதற்கான விலையையும் ஃப்ரெனே செலுத்தினார். 1928-இல் அவர் சேன்-போல் ஊருக்கு மாறினார். அங்கே ஒரு மாணவன் தான் கண்ட கனவை எழுதினான்: பள்ளிக்கு எழுதுபொருள் தர மறுத்த மேயரை எதிர்த்து வகுப்பே கிளர்ந்தெழ, அவன் மேயரைக் கத்தியால் குத்திவிடுகிறான். கனவு அச்சாயிற்று. 1932 டிசம்பரில் அவ்வுரை ஊர்ச் சுவர்களில் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. பிள்ளைகளைக் கெடுக்கும் ஆசிரியர் என்ற குற்றச்சாட்டு தேசியப் பத்திரிகைகள் வரை எட்டியது. ஃப்ரெனே இடதுசாரி என்பதும் அதற்கு ஒரு காரணம். 1933-இல் அவர் அப்பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. 1935-இல் வான்ஸ் நகரருகே சொந்தமாக ஒரு பள்ளியைத் தொடங்கி, 1966-இல் மறையும்வரை தம் வழியிலேயே நடந்தார். எழுதுபொருளுக்கு வழியில்லாத பிள்ளையின் கனவு அவ்வூருக்குச் செய்தியாகத் தெரியவில்லை, குற்றமாகத் தெரிந்தது. நான் ‘புகார்’ என்ற சொல்லை எடுத்துக் கொடுத்த தருணம் இவ்விடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது.

*

இரண்டாமவர் யானுஷ் கோர்ச்சாக். போலந்தின் வார்சாவில் மருத்துவராகவும் எழுத்தாளராகவும் இருந்து, யூத அநாதைப் பிள்ளைகளின் இல்லமொன்றை நடத்தியவர். 1942 ஆகஸ்டில் அப்பிள்ளைகளோடு ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குச் சென்று மாண்டவர் என்ற அளவில் பலர் அவரை அறிவர். அவர் ஒரு சிறுவர் செய்தித்தாளை நிறுவியவர் என்பது அத்தனை பரவலாக அறியப்படவில்லை.

போலிய மொழியில் வெளிவந்த ‘நாஷ் ப்ஷெக்லோண்ட்’ என்ற யூத நாளிதழின் வார இணைப்பாக, 1926 அக்டோபர் 9-இல் ‘மாவி ப்ஷெக்லோண்ட்’ தொடங்கியது. ‘சிறு கண்ணோட்டம்’ எனப் பெயர்க்கலாம். சிறுவருக்காகப் பெரியோர் எழுதும் இதழ்கள் அப்போதும் ஏராளம். சிறுவரே எழுதும் இதழ் இது. செய்தி அனுப்பும் சிறுவர்களுக்கு ஊதியமும் உண்டு. எழுதத் தெரியாத பிள்ளை நேரில் வந்து சொல்லிச் செல்லவும் இடமிருந்தது. பிள்ளைகளின் கடிதங்கள் குவிந்தன. வீட்டுச் சண்டை, பள்ளியில் நேர்ந்த அநீதி, இளைய தம்பியின் முதற்சொல், யூதர் என்பதால் தெருவில் பட்ட அவமானம் யாவும் ஒரே மதிப்புடன் அச்சாயின. பெரியவர்க்குச் சிறிதாகத் தோன்றுவது பிள்ளைக்குச் சிறிதன்று என்பதே கோர்ச்சாக்கின் வாழ்நாள் கொள்கை. செய்தித்தாள் என்ற வடிவம் அக்கொள்கைக்கு இயல்பாகப் பொருந்தியது.

1930-இல் இதழின் பொறுப்பை இகோர் நெவெர்லியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஒதுங்கினார். 1934 இறுதியில் போலந்து வானொலியில் ‘முதிய மருத்துவர்’ என்ற பெயரில் பேசத் தொடங்கினார். யூதர் ஒருவரின் பெயரை வானொலியில் சொல்வது உகந்ததன்று எனக் கருதப்பட்ட காலம் அது. யூத வெறுப்பு வலுத்த சூழலில் 1936-இல் அந்நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. ‘மாவி ப்ஷெக்லோண்ட்’டின் கடைசி இதழ் 1939 செப்டம்பர் 1-இல், ஜெர்மானியப் படை போலந்தினுள் நுழைந்த அதே நாளில் வெளிவந்தது. அதில் எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுத்து வந்த பேரழிவில் உயிரிழந்தனர். அவர்களுடைய அன்றாடத்தை இன்று அறிய விரும்புவோர்க்கு அச்சிறு செய்திகளே சான்றாக நிற்கின்றன.

*

போருக்குப் பிந்தைய காலத்தில் ஒலிப்பதிவுக் கருவி சிறுவர் கைக்கு வந்தது. 1975-இல் நியூயார்க்கில் ராபர்ட் கிளாம்பிட் தொடங்கிய ‘சில்ட்ரன்ஸ் எக்ஸ்பிரஸ்’ அமைப்பில் செய்தியாளர்கள் பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர். அவர்களை வழிநடத்தியோர் பதின்பருவத்தினர். எழுத்துத் திறனை முன்னிபந்தனையாக்காமல் பேச்சையும் ஒலிநாடாவையும் கொண்டு செய்தி திரட்டினர். 1976-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது, ஜிம்மி கார்ட்டர் தம் துணைவராக வால்ட்டர் மாண்டேலைத் தேர்ந்தார் என்ற செய்தியைப் பெரிய நிறுவனங்களை முந்திக்கொண்டு வெளியிட்டவர்கள் இப்பிள்ளைகள். சிறுவன்தானே என்று எவரும் பொருட்படுத்தாத இடத்தில், சிறுவனின் காது திறந்திருந்தது.

இவ்வரிசையில் அண்மைக் காலத்தது பிரிட்டனில் பிபிசி நடத்திய ‘ஸ்கூல் ரிப்போர்ட்’. பெரியோர் சிறுவருக்கு வாசிக்கும் ‘நியூஸ்ரவுண்ட்’ அங்கே 1972 முதல் இருந்துவந்தது. 2007 மார்ச் 22-இல் அந்த உறவு தலைகீழாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்கள் ஒரே நாளில் தாமே செய்தி திரட்டி, பிற்பகல் இரண்டு மணிக் கெடுவுக்குள் அறிக்கையை முடித்தனர். பின்னர் ஆண்டுதோறும் நடந்த இத்திட்டம், 2018-க்குப் பின் ‘யங் ரிப்போர்ட்டர்’ என்ற பெயரில் தொடர்ந்தது. பாடக்குறிப்புகள் எளியவை: செய்தியைக் கண்டுபிடி, திரட்டு, சரிபார், எழுது, வாசி. எழுதுவதற்கு ஒரு கணக்கும் தந்தனர்: நொடிக்கு மூன்று சொல். அரை நிமிடச் செய்தி எனில் தொண்ணூறு சொற்கள். (ஒட்டுகளால் நீளும் தமிழ்ச் சொற்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. நம் மாணவர்கள் வாய்விட்டு வாசித்தே தம் அளவைக் கண்டறிய வேண்டும். அதுவே ஒரு நல்ல மொழிப்பாடம்.)

கெடுவும் சொல்லெண்ணிக்கையும் படைப்பாற்றலுக்குப் பகை என்று எண்ணத் தோன்றும். யாப்பு பயின்ற நமக்கு அந்த ஐயம் எழலாகாது. குறட்பாவின் ஏழு சீர் வள்ளுவரின் கையைக் கட்டவில்லை. தொண்ணூறு சொல்லில் எதைச் சொல்வது, எதை விடுவது, எதிலிருந்து தொடங்குவது, யாரிடம் கேட்பது எனப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எடுக்கும் முடிவுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். ‘என் பொழுதுபோக்கு’ என்று பக்கம் நிறைக்கும் கட்டுரையில் அவற்றுள் ஒன்றுகூட இல்லை.

*

இவர்களை ஒருசேர வைத்துப் பார்க்கையில் எனக்குப் புலப்படுவது ஒன்றே. கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது: ஈய எழுத்து, நாளிதழ் இணைப்பு, ஒலிநாடா, ஒளிப்படக்கருவி. இன்று ஒரு கைப்பேசியில் இவை அனைத்தும் அடக்கம். மாறாத நிபந்தனை, பிள்ளை கண்டு வந்ததைக் கேட்கப் பெரியவர் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பது. அது இல்லாத இடத்தில் எத்தனை விலையுயர்ந்த ஒலிப்பதிவுக் கூடம் கட்டினாலும் காலை வழிபாட்டுக் கூட்டத்தின் தலைப்புச் செய்திகளே மீளவும் ஒலிக்கும்.

அந்தச் சிறுமியின் செய்தியில் யார், எங்கே, எப்போது, ஏன் என்ற கேள்விகள் அனைத்துக்கும் விடை இருந்தது. பழுது பார்ப்பவரின் வருகை வரை விசாரித்திருந்தாள். சினமோ அழுகையோ இன்றி, பதினான்கு வாளி என்ற எண்ணை மட்டும் வைத்து நிறுத்தியிருந்தாள். எங்கே நிறுத்துவது என்று அறிந்த அவ்வறிவை முதுகலை மாணவர்களிடம் வரவழைக்க நான் ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறேன். அது என் முன் நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அவள் இப்போது மேல்நிலை வகுப்பில் இருக்கக்கூடும். மோட்டார் அடுத்த மாதமே சரிசெய்யப்பட்டது எனப் பின்னர் அறிந்தேன். அவளது செய்தியால் அன்று. அந்தப் பத்து நிமிடம் அவ்வாண்டோடு நின்றுபோயிற்று. மீண்டும் ஒரு பள்ளி என்னை அழைக்குமாயின், மொழியைச் செம்மைப்படுத்தும் பணியை ஏற்கப்போவதில்லை. கேட்பவர் வரிசையில் ஓர் இடம் கேட்பேன். பள்ளிகளில் பணியாற்றும் நண்பர்கள் இத்தகைய முயற்சிகளைச் செய்திருப்பின், அவை எங்கே தடைபட்டன என்பதையும் சேர்த்து எழுதுமாறு வேண்டுகிறேன்.