அரிமானத் தடுப்பும் நீர்விலக்குப் பூச்சுகளும்

அரிமானத் தடுப்பு என்பது காற்றும் ஈரமும் உப்பும் அமிலமும் உலோகத்தைத் தின்றுவிடாமல் காக்கும் முறைகளின் தொகுப்பு. நீர்விலக்குப் பூச்சு என்பது ஒரு பரப்பில் விழும் நீர் அங்கே பரவாமல் முத்தாகத் திரண்டு உருண்டோடச் செய்யும் மெல்லிய படலம். துருப்பிடிக்க நீர் வேண்டும் என்பதால், பொருள் வேதியியலாளர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே ஆராய்ந்து வருகிறார்கள். தமிழ்நாட்டில் இந்தத் துறைக்குத் தாய்வீடு காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். இத்துறையின் தேவை கண்ணெதிரே தெரியும் இடங்களில் ஒன்று திருப்பூர் வட்டாரம். ஊத்துக்குளி வட்டத்துக் குன்னத்தூர், பெருமாநல்லூர், அவிநாசி, பல்லடம் என்று பரந்து கிடக்கும் பனியன் தொழிலில், துணியில் தண்ணீர் ஒட்டக் கூடாது என்று வெளிநாட்டு வாங்குவோர் கேட்கிறார்கள். அதே துணிக்குச் சாயமேற்றிய உப்புத் தண்ணீரோ குழாயையும் தொட்டியையும் அரித்துக்கொண்டிருக்கிறது.

இரும்பு அரிக்கும் விதம்

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்வு. ஈரம் பட்ட இரும்பின் ஒரு புள்ளியில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாக நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே சென்று வேறொரு புள்ளியை அடைகின்றன. அங்கே அவற்றை ஆக்சிஜனும் நீரும் பெற்றுக்கொள்ள, ஹைட்ராக்சைடு உண்டாகிறது. இந்தச் சுற்று முழுமையாக நீரும் ஆக்சிஜனும் வேண்டும். நீரில் உப்பு கரைந்திருந்தால் மின்கடத்தல் கூடி அரிப்பு வேகம் பிடிக்கும். சமையல் உப்பில் உள்ள குளோரைடு மேலும் ஒரு கேடு செய்கிறது. எஃகின் மேல் தானாக உருவாகும் காப்புப் படலத்தை அது அங்கங்கே உடைத்துவிடுகிறது.

பெயிண்ட் அடித்த இரும்புக் கதவில் கீறல் விழுந்த இடத்தைச் சுற்றிக் கொப்புளம் எழுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கீறலில் இரும்பு கரைகிறது. சற்றுத் தள்ளி, பெயிண்டுக்கு அடியில், ஹைட்ராக்சைடு சேர்ந்து பெயிண்டின் பிடிப்பைத் தளர்த்துகிறது. அந்தக் கொப்புளத்தை நகத்தால் பெயர்த்தால் உள்ளே கறுப்பும் பச்சையுமாக ஈரம் இருக்கும். காற்றுப் பட்டதும் அது செம்பழுப்பாக மாறும். ஆகவே ஒரு பூச்சு எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதைவிட, அது கீறப்பட்ட பிறகு என்ன செய்கிறது என்பதே முதன்மையான கேள்வி. பூச்சு ஆய்வில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான்.

அமெரிக்காவின் அரிமானப் பொறியாளர் அமைப்பான நேஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வு, உலக அளவில் அரிமானத்தால் ஆண்டுக்கு ஏற்படும் செலவை 2.5 இலட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டது. இது உலக மொத்த உற்பத்தியில் 3.4 விழுக்காடு. இந்தியாவுக்கு அந்த ஆய்வு தந்த விகிதம் 4.2 விழுக்காடு.

பூச்சுகளின் வகை

பூச்சு மூன்று வழிகளில் காக்கலாம். நீரையும் ஆக்சிஜனையும் மறிக்கலாம். எபாக்சி, பாலியூரித்தேன் பெயிண்டுகள் இதைச் செய்கின்றன. இரும்புக்குப் பதில் தான் கரையலாம். துத்தநாகப் பூச்சு இந்த வகை. 1837இல் பிரான்சில் சொரேல் என்பவர் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கும் முறைக்கு உரிமை பெற்றார். நம் ஊர்த் தகர வாளி முதல் மின்கோபுரம் வரை இன்றும் அந்த முறைதான். மூன்றாவது வழி, அரிப்பை அடக்கும் வேதிப்பொருளைப் பூச்சுக்குள் வைத்து, கீறல் விழும்போது அது கசிந்து வந்து காயத்தை மூடச் செய்வது.

இந்த மூன்றாவது வழியில் நீண்ட காலம் கோலோச்சியது குரோமேட். விமான அலுமினியத்தை அதுபோல் காத்த பொருள் வேறில்லை. ஆனால் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குரோமியம் டிரைஆக்சைடைத் தனி அனுமதியின்றிப் பயன்படுத்தும் உரிமை 2017 செப்டம்பர் 21உடன் முடிந்தது. அதற்கு மாற்றாகச் சீரியம் உப்புகள், பாஸ்பேட், சிலேன் வழி சோல்-ஜெல் படலங்கள், மின்கடத்தும் பாலிமரான பாலிஅனிலீன் எனப் பலவும் ஆராயப்படுகின்றன. பாலிஅனிலீன் எஃகின் காப்புப் படலத்தை நிலைநிறுத்தும் என்பதை டிபெரி என்ற ஆய்வாளர் 1985இல் காட்டினார். இந்தியாவில் அதைப் பெயிண்டில் கலந்து தொடர்ந்து ஆராய்ந்தவர்களில் காரைக்குடியினர் முக்கியமானவர்கள்.

எந்தப் பூச்சானாலும் அடித்தளம் சுத்தமாக இருந்தால்தான் நிற்கும். துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு அதற்கும் மேல் விலை உயர்ந்த பெயிண்ட் அடிப்பது நம் பட்டறைகளில் அன்றாடம் நடக்கிறது. மணலோ எஃகுத் துகளோ வீசித் துருவைக் களைந்து, அன்றைக்கே முதல் பூச்சுக் கொடுத்த இரும்பில் சாதாரணப் பெயிண்ட்கூட அதைவிட நெடுநாள் நிற்கும்.

காரைக்குடி சிக்ரி

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைச் செட்டிநாட்டு மக்கள் 'சிக்ரி' என்றே சொல்வார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் இராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார். நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறைவடையாத நிலையில், மழை குறைந்த ஒரு சிறு நகரில் மின்வேதியியலுக்கென ஒரு தேசிய ஆய்வுக்கூடத்தைத் தொடங்கத் துணிந்தது பெரிய செயல்.

மண்டபம், தூத்துக்குடி, சென்னை ஆகிய இடங்களில் அதன் கிளைகள் உள்ளன. மண்டபத்தில் கடற்காற்றும் கடல்நீரும் தாக்கும்படி உலோகத் தகடுகளை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வைத்து, எடை எவ்வளவு குறைந்தது என்று அளப்பார்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஆய்வகத்தில் விரைவாக நடத்தும் சோதனைகள் சொல்வது உண்மையா என்பதை இந்தத் தகடுகளே உறுதிசெய்கின்றன. கான்கிரீட்டுக்குள் போகும் கம்பிகளுக்கு அரிமானத் தடுப்பி கலந்த சிமெண்ட் குழம்புப் பூச்சு காரைக்குடியில் உருவானதே.

மண்டபத்துக்கு எதிரே உள்ள பாம்பன் பாலத்தில் இந்த அறிவியலின் வெற்றியும் தோல்வியும் சேர்ந்தே தெரியும். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் உப்புக் காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. அரிப்பின் காரணமாகப் பாதுகாப்புக் கருதி 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்பால் ஆன அந்தப் பூச்சு வெயிலில் எளிதில் வெளிறாது, உரியாது.

சாயப்பட்டறையின் உப்பு

திருப்பூருக்குக் கடல் வெகுதூரம். இருந்தும் சாயப்பட்டறைக்குள் நுழைந்தால் கூரைத் தகரத்தின் அடிப்பக்கமும் குழாய் இணைப்புகளும் கடற்கரை ஊரில் உள்ளவை போல அரித்திருக்கும். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் நீர் என்று கொண்டால், கிலோவுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. துணியில் அது தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரில் போகிறது. அந்த நீர் நொய்யல் ஆற்றிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் செய்த கேட்டைக் கொங்கு விவசாயிகள் இன்னும் சுமக்கிறார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறை இங்கே கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது.

வெளியே விடாத உப்பு உள்ளேதான் சுற்றும். எதிர் சவ்வூடு பரவலில் நல்ல நீர் பிரிந்தபின் மிஞ்சும் செறிந்த உப்புநீரை ஆவியாக்கிக் கலன்களில் கொதிக்கவைக்கிறார்கள். சூடு, குளோரைடு, ஆக்சிஜன் மூன்றும் கூடுமிடத்தில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு வெளியே ஊசிமுனை அளவே துளைபட்டு, உள்ளே குடைந்துபோகும். அழுத்தம் தாங்கும் பாத்திரத்தில் இது ஆபத்து, கண்ணுக்கும் எளிதில் தெரியாது. 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் இதைவிடத் தாங்கும்; கடுமையான இடங்களில் டூப்ளெக்ஸ் எஃகோ டைட்டானியமோ வேண்டும். சமையல் உப்புக்குப் பதில் கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தினால் இந்தக் குழி அரிப்பு குறையும். ஆற்றைக் காக்கும் செலவில் ஒரு பங்கு அரிமானத்தைத் தடுக்கும் செலவு என்பதை இந்தத் தொழிலுக்கு வெளியே உள்ளவர்கள் அதிகம் அறிவதில்லை.

சாயப்பட்டறை இல்லாத நிட்டிங் கூடங்களிலும் துரு உண்டு. மழைக்காலத்தில் ஓடாமல் நிற்கும் வட்டப் பின்னல் எந்திரத்தின் ஊசிகளில் லேசாகத் துருப் படிந்தால்கூட, அடுத்து ஓட்டும் துணியில் நெடுக்காகக் கறை விழும். எண்ணெய்ப் படலமே அங்கே காப்பு.

நீர் விலகும் பரப்பு

ஒரு பரப்பில் அமர்ந்த நீர்த்துளியின் ஓரம் அந்தப் பரப்போடு செய்யும் கோணத்துக்குத் தொடுகோணம் என்று பெயர். தாமஸ் யங் 1805இல் இதற்கு விளக்கம் தந்தார். கோணம் 90 பாகைக்கு மேல் என்றால் பரப்பு நீரை வெறுக்கிறது. 150ஐத் தாண்டி, சிறு சாய்விலேயே துளி உருண்டுவிட்டால் அது மீநீர்விலக்குப் பரப்பு. மெழுகோ டெஃப்லானோ பூசிய வழுவழுப்பான தளத்தில் 120 பாகைக்கு மேல் போவது இயலாது. அதற்கு மேல் வேண்டுமானால் பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாக இருந்தாக வேண்டும். 1936இல் வென்சல் சொரசொரப்பைக் கணக்கில் எடுத்தார். 1944இல் காசியும் பாக்ஸ்டரும் பள்ளங்களில் அடைபட்ட காற்றின் மேல் துளி மிதப்பதைச் சமன்பாடாக்கினார்கள். இவர்கள் வேலை பார்த்தது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கம்பளி ஆராய்ச்சிக் கழகத்தில். இன்று உலோகத்தின் மேல் பயன்படும் இந்தக் கோட்பாடு, நெசவுத் துணி நீரை எப்படி விலக்குகிறது என்று ஆராயப் போய்க் கிடைத்தது. பின்னலாடை ஊர்கள் இதைத் தங்கள் மரபாகவே உரிமை கொண்டாடலாம்.

தாமரை இலையின் நுட்பத்தை 1997இல் ஜெர்மனியின் பார்த்லாட்டும் நெய்னூயிஸும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களுடன் விளக்கினார்கள். இலை முழுதும் மைக்ரான் அளவிலான குமிழ்கள்; ஒவ்வொன்றின் மேலும் அதைவிடச் சிறிய மெழுகுக் குழல்கள். உருளும் துளி தூசியையும் அள்ளிச் செல்கிறது.

உலோகத்தின் மேல்

அலுமினியத்தை மின்முறையில் ஆக்சைடாக்கிச் சொரசொரப்பாக்கி, மேலே நீரை வெறுக்கும் சிலேனோ கொழுப்பு அமிலமோ ஏற்றினால் தாமரை இலை போன்ற பரப்புக் கிடைக்கும். அதை உப்புநீரில் வைத்து அளந்தால் அரிமான மின்னோட்டம் பல மடங்கு குறைந்திருக்கும். அடைபட்ட காற்று குளோரைடை உலோகத்தை அண்டவிடுவதில்லை. ஆயினும் இத்தகைய முடிவுகளைக் கவனத்தோடு படிக்க வேண்டும். நீரில் நாட்கணக்கில் மூழ்கியிருந்தால் அந்தக் காற்று மெல்லக் கரைந்துபோகும். துணியால் அழுந்தத் துடைத்தால் நுண்குமிழ்கள் தேயும். பனிபெய்யும் இரவில் ஈரம் பள்ளங்களுக்கு உள்ளேயே துளியாகும். அப்போது அதே சொரசொரப்பு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஆதலால் அண்மை ஆய்வுகள் நீர்விலக்கை மட்டும் நம்புவதில்லை. அரிமானத் தடுப்பி அடைத்த நுண்கூடுகளைச் சோல்-ஜெல் படலத்துக்குள் வைத்து, மேற்பரப்பை நீர்விலக்கியாக ஆக்குகிறார்கள். மேலடுக்குத் தோற்றால் உள்ளடுக்கு வேலை செய்யும். 2011இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஐசன்பர்க் குழு வேறு வழி காட்டியது. பூச்சி தின்னும் குடுவைச் செடியின் வழுக்கும் விளிம்பைப் பின்பற்றி, துளைகளில் காற்றுக்குப் பதில் எண்ணெயை நிரப்பினார்கள்.

இந்தப் பூச்சுகளைச் சோதிக்கும் உப்புப் பனிப் பெட்டியில் 35 பாகை செல்சியஸில் 5 விழுக்காடு உப்புக் கரைசல் புகையாகப் படியும். தகட்டில் வேண்டுமென்றே பெருக்கல் குறி கீறி வைப்பார்கள். கீறலிலிருந்து துரு எத்தனை மில்லிமீட்டர் ஊர்ந்தது என்பதே மதிப்பெண்.

பனியன் துணியும் ஃபுளூரினும்

துணியில் நீர்விலக்குப் பூச்சு ஏற்றுவது எளிய வேலை. கரைசலில் நனைத்து, உருளைகளுக்கிடையே பிழிந்து, ஸ்டென்டர் என்னும் உலர்த்தும் எந்திரத்தில் 150 முதல் 170 பாகை வெப்பத்தில் பதப்படுத்துவார்கள். சோதனையும் எளிது. 45 பாகை சாய்வில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் 250 மில்லி நீரைத் தூவிக் கொட்டி, நனைந்த அளவைப் பார்த்து 100 முதல் 0 வரை மதிப்பெண் தருவார்கள். பலமுறை துவைத்த பிறகும் 80 கிடைத்தால் நல்ல பூச்சு.

நெடுங்காலம் இதில் சிறந்து நின்றவை எட்டுக் கரிம அணு கொண்ட ஃபுளூரோ சேர்மங்கள். அவை மண்ணிலும் நீரிலும் இரத்தத்திலும் அழியாமல் தங்குகின்றன. நீடித்துத் தங்கும் மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் அவற்றுள் பிஎஃப்ஓஎஸ் 2009இலும் பிஎஃப்ஓஏ 2019இலும் சேர்க்கப்பட்டன. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதலும் பிரான்சில் 2026 ஜனவரி முதலும் ஃபுளூரோ சேர்மம் ஏற்றிய ஆடைகளுக்குத் தடை நடப்புக்கு வந்தது. ஏற்றுமதி ஆடைக்கு இது உடனடிக் கட்டளை. சிலிக்கோன், மெழுகு, நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலி கொண்ட அக்ரிலேட், தாவர எண்ணெய் வழிப் பூச்சுகள் அந்த இடத்துக்கு வந்துள்ளன. மழையை இவை நன்றாகவே தடுக்கும். எண்ணெயையும் குழம்புக் கறையையும் தடுக்கும் திறன் மட்டும் ஃபுளூரின் இல்லாமல் இன்னும் கைகூடவில்லை. மழைக்கோட்டுக்கு அது பெரிதாகத் தேவையும் இல்லை. தீயணைப்பு வீரர், மருத்துவமனைப் பணியாளர் போன்றோரின் உடைகளுக்கு மாற்றைத் தேடும் வேலையே மீதமிருக்கிறது.