பிரெடரிக் டக்ளஸ்: இளமையும் கல்வியும்

பிரெடரிக் டக்ளஸ் (1818–1895) அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தலைசிறந்த பேச்சாளர், எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர். மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 20 வயதில் தப்பி வடக்கே சென்றவர். முறையான பள்ளிக்கல்வி ஒருநாளும் பெறாதவர். அவர் எழுத்துக் கற்ற வகையும், அது அவர் வாழ்வைத் திருப்பிய வகையும் இக்கட்டுரையின் பொருள்.

இக்காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவரே எழுதிய மூன்று தன்வரலாறுகளிலிருந்து வருகிறது. முதலாவது 1845இலும் இரண்டாவது 1855இலும் மூன்றாவது 1881இலும் வெளியாயின. மூன்றாவது 1892இல் விரிவாக்கப்பட்டது. ஒரே நிகழ்ச்சியை மூன்றும் ஒரே மாதிரி சொல்வதில்லை. முதல் நூல் வெளிவந்தபோது அவர் சட்டப்படி இன்னும் பிறர் உடைமை. யாரையும் காட்டிக்கொடுக்காமல் எழுத வேண்டிய நிலை. அதில் விட்டவை பலவற்றைப் பின்னைய நூல்கள் சேர்க்கின்றன. சிலவற்றை மாற்றவும் செய்கின்றன. எஜமானர் குடும்பத்தின் கணக்கேடுகளும் அக்காலப் பத்திரிகைகளும் இவற்றைச் சரிபார்க்க ஓரளவு உதவுகின்றன.

பிறப்பும் குடும்பமும்

அவருக்கு இடப்பட்ட பெயர் பிரெடரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி. மேரிலாந்தின் கிழக்குக் கரையில், டால்பட் கவுண்டியில், டக்கஹோ ஓடையை ஒட்டிப் பிறந்தார். தாம் 1817இல் பிறந்ததாகவே வாழ்நாளின் பெரும்பகுதி நம்பியிருந்தார். முதல் எஜமானரான ஏரன் ஆந்தனி தம் அடிமைகளின் பிறப்பைக் குறித்துவைத்த ஏட்டில் ஹாரியட்டின் மகன் பிரெடரிக் அகஸ்டஸ் 1818 பிப்ரவரியில் பிறந்ததாகக் காண்கிறது. நாள் குறிக்கப்படவில்லை. தாய் தம்மைக் காதலர் தினத்தோடு சேர்த்துச் செல்லமாக அழைத்ததை நினைவில் வைத்து, பிற்காலத்தில் பிப்ரவரி 14ஐப் பிறந்தநாளாகக் கொண்டார்.

தந்தை யார் என்பது தீராத கேள்வி. அவர் வெள்ளையர் என்றும் எஜமானரே தந்தை எனப் பலர் கிசுகிசுத்தனர் என்றும் 1845 நூல் சொல்கிறது. 1855 நூலில் அந்த உறுதி தளர்கிறது. 1881இல், தந்தையைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்று முடித்துவிடுகிறார். ஆய்வாளர்கள் ஆந்தனியின் பெயரையும் வேறு சிலர் பெயரையும் சொன்னாலும் ஆவணச் சான்று எதுவும் இல்லை.

தாய் ஹாரியட் பெய்லி ஏறக்குறைய 12 மைல் தொலைவில் வேறொரு பண்ணையில் வேலைக்கு விடப்பட்டிருந்தார். பகல் வேலை முடித்து, இரவில் நடந்தே வந்து மகனைப் பார்த்துவிட்டு, விடியுமுன் திரும்பிவிடுவார். மகனுக்கு ஏழு வயதாகும்போது இறந்தார். அவரைத் தாம் நாலைந்து முறைக்குமேல் பார்த்ததில்லை என்று முதல் நூல் கூறுகிறது. தாய்க்கு வாசிக்கத் தெரியும், அப்பகுதிக் கறுப்பின மக்களில் அது தெரிந்தவர் அவர் ஒருவரே என்ற செய்தி பத்தாண்டு கழித்து வந்த இரண்டாம் நூலில்தான் முதன்முதலாக இடம்பெறுகிறது. அவர் எங்கே, எப்படிக் கற்றார் என்பது மகனுக்கும் தெரிந்திருக்கவில்லை. தம் எழுத்தார்வத்துக்குக் காரணம் பெயர் தெரியாத வெள்ளைத் தந்தை அல்லர், இந்தத் தாயே என்று டக்ளஸ் அழுத்தமாக எழுதுகிறார்.

வளர்த்தவர் பாட்டி பெட்சி பெய்லி. மீன்வலை பின்னுவதிலும் சர்க்கரைவள்ளி நாற்று நடுவதிலும் ஊரறிந்த கைராசிக்காரர். ஆறு வயதில் பேரனை 12 மைல் நடத்திக் கூட்டிச்சென்று, லாய்டு குடும்பத்தின் வை இல்லப் பண்ணையில் விட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் திரும்பினார். அங்குக் கழித்த ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் கல்விக்குத் தொடர்பானது ஒன்றே: பண்ணை உரிமையாளரின் இளைய மகன் டேனியலோடு விளையாடிப் பழகியதில் அவர் பேச்சு வழக்கு திருந்தியது என்பர்.

பால்டிமோர், 1826–1833

1826இல் அவர் பால்டிமோர் துறைமுகப் பகுதியான ஃபெல்ஸ் பாயின்ட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆந்தனியின் மருமகன் தாமஸ் ஆல்டின் தம்பி ஹியூ ஆல்டு அங்கே கப்பல் தச்சர். அவர் மகன், குழந்தை டாமியைப் பார்த்துக்கொள்வது வேலை. (டக்ளஸ் தரும் ஆண்டுக் கணக்குகள் பிறந்த ஆண்டைத் தவறாகக் கொண்டதால் அடிக்கடி ஓராண்டு பிசகும், இங்குத் திருத்திய ஆண்டுகளே தரப்படுகின்றன.)

ஹியூவின் மனைவி சோபியா அதற்குமுன் அடிமை வைத்துப் பழகாதவர். நெசவு செய்து சொந்த உழைப்பில் வாழ்ந்தவர். அவர் பைபிளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டுச் சிறுவருக்கு ஆசை பிறந்தது. தமக்கும் கற்றுத்தரும்படி கேட்டார். சோபியாவும் தயங்காமல் நெடுங்கணக்கைக் கற்பித்து, மூன்று நான்கு எழுத்துச் சொற்கள்வரை கொண்டுவந்தார். மாணவரின் தேர்ச்சியைக் கணவரிடம் பெருமையாகச் சொன்னபோதுதான் விபரீதம். ஹியூ அங்கேயே பாடத்தை நிறுத்தினார். வாசிக்கத் தெரிந்த அடிமை யாருக்கும் அடங்கமாட்டான், அவனும் நிம்மதியாக இருக்கமாட்டான் என்பது அவர் வாதம். அடிமைத்தனத்தைப் பற்றித் தாம் கேட்ட முதல் தெளிவான விளக்கம் அதுவே என்று டக்ளஸ் குறிப்பிடுகிறார். எஜமானர் இவ்வளவு அஞ்சுவது எதுவோ அதுவே தமக்கு வேண்டியது என்று அந்தச் சிறுவர் முடிவுசெய்தார்.

அடிமைக்குக் கற்பிப்பது சட்டவிரோதம் என்றும் ஹியூ சொன்னதாக நூல் கூறுகிறது. தென் மாநிலங்கள் பலவற்றில் அத்தகைய தடைச்சட்டங்கள் இருந்தன; மேரிலாந்தில் அப்படி ஒரு சட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. ஹியூ அவ்வாறே நம்பியிருக்கலாம். ஊர் வழக்கம் சட்டத்துக்குக் குறையாத வலுவோடு இருந்ததும் காரணமாகலாம்.

பாடம் நின்றபின் சோபியாவே காவலரானார். சிறுவர் தனியறையில் சற்று நேரம் இருந்தால் புத்தகம் வைத்திருக்கிறாரோ என்று தேடினார். கையில் செய்தித்தாளைக் கண்டால் பாய்ந்து பிடுங்கினார். எனவே பாடம் தெருவுக்கு மாறியது. வெப்ஸ்டரின் எழுத்துக்கூட்டுப் புத்தகம் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். கடைக்கு அனுப்பினால் வேலையை விரைந்து முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் அக்கம்பக்கத்து ஏழை வெள்ளைச் சிறுவர்களிடம் பாடம் கேட்பார். ஆல்டு வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. அந்தச் சிறுவர்களுக்கோ பசி. ரொட்டியைக் கொடுத்து எழுத்தை வாங்கினார். அவர்கள் பெயர்களை 1845 நூல் சொல்லாமல் மறைக்கிறது: அடிமைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது வெளியே தெரிந்தால் அவர்களுக்கு இடைஞ்சல் வரலாம் என்பதால். தெருச் சாக்கடையில் கிடந்த பைபிள் தாள்களைப் பொறுக்கி, கழுவி, உலர்த்திப் படித்ததை 1855 நூலில் காணலாம்.

ஏறத்தாழ 12 வயதில், காலணிக்கு மெருகு போட்டுச் சேர்த்த காசில் 50 சென்ட் கொடுத்து, தேம்ஸ் தெருவில் நைட் என்பவர் கடையில் கேலப் பிங்ஹாம் தொகுத்த ‘கொலம்பியன் ஆரேட்டர்’ நூலை வாங்கினார். 1797இல் முதலில் வெளியான இது, பள்ளி மாணவர் மனப்பாடம் செய்து மேடையேறிப் பேசுவதற்கான சொற்பொழிவுத் தொகுப்பு. அதிலுள்ள ஓர் உரையாடலில், தப்பியோடிப் பிடிபட்ட அடிமை எஜமானரின் வாதங்களை ஒவ்வொன்றாக முறித்து, இறுதியில் விடுதலை பெறுகிறான். கத்தோலிக்கர் உரிமை பற்றிய உரையொன்றை ஷெரிடனுடையதாக டக்ளஸ் நினைவுகூர்கிறார். தொகுப்பில் உள்ளது ஓ’கானர் 1795இல் அயர்லாந்து நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை. வேறொரு நூலோடு குழம்பியிருக்கலாம். பிற்கால டக்ளஸின் பேச்சில் எதிராளியின் வாதத்தை எடுத்துவைத்தே அதை உடைக்கும் முறைக்கு இந்நூலே ஊற்று என்போர் உண்டு. படிப்பு உடனே மகிழ்ச்சி தரவில்லை. தம் நிலை முழுமையாகப் புரிந்தது. மீளும் வழி புலப்படவில்லை. விலங்குகளைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டதாக எழுதுகிறார்.

எழுதக் கற்றது தனிக் கதை. கப்பல் பட்டறையில் மரத்தைச் செதுக்கி முடித்ததும் அது கப்பலின் எப்பகுதிக்கு உரியது என்று தச்சர் அதன்மேல் எழுத்துப் போடுவர். இடப்பக்கத்துக்கு ‘எல்’, வலப்பக்கத்துக்கு ‘எஸ்’. முன்பகுதியானால் ‘எஃப்’, பின்பகுதியானால் ‘ஏ’ சேரும். இந்த நான்கையும் பார்த்துப் பார்த்து எழுதப் பழகிக்கொண்டார். பிறகு எழுதத் தெரிந்த சிறுவனைக் கண்டால் தமக்கும் அவனளவு எழுத வரும் என்பார். எங்கே எழுதிக்காட்டு என்பான் அவன். இவர் நான்கெழுத்தை எழுதி, இதை வென்றுகாட்டு என்பார். அவன் எழுதிக்காட்டும் புதிய எழுத்துகள் இவருக்குப் பாடமாகும். மரவேலியும் செங்கல் சுவரும் நடைபாதையும் பலகை, சுண்ணக்கட்டி எழுதுகோல். டாமி பள்ளியில் எழுதி முடித்த பயிற்சி ஏடுகள் வீட்டில் கிடந்தன. திங்கட்கிழமை பிற்பகல்களில் சோபியா திருச்சபைக் கூட்டத்துக்குப் போனதும் அந்த ஏடுகளின் வரியிடை வெற்றிடங்களில் டாமியின் கையெழுத்தைப் பார்த்து எழுதுவார். இரவில் சமையலறைப் பரணில் மாவுப் பீப்பாய் ஒன்றை மேசையாக்கி, பைபிளிலிருந்தும் மெதடிஸ்ட் பாடல் புத்தகத்திலிருந்தும் படியெடுப்பார். டாமியைப் போலவே எழுதும் அளவுக்குக் கை தேறப் பல ஆண்டுகள் பிடித்தன.

இக்காலத்தில் அவருக்கு வாய்த்த நல்ல துணைகளில் ஒருவர் சார்லஸ் லாசன் என்னும் கறுப்பின வண்டிக்காரர். மிகுந்த பக்திமான், அரைகுறையாகவே வாசிப்பார். இளைஞர் அவருக்கு எழுத்துக்கூட்டித் தர, அவர் இவருக்குப் பொருள் சொன்னார். துறையில் கல் இறக்கிக்கொண்டிருந்த இரு அயர்லாந்துத் தொழிலாளர், இவர் வாழ்நாள் அடிமை என்றறிந்து இரங்கி, வடக்கே ஓடிவிடச் சொன்னதும் இங்கேதான்.

கிழக்குக் கரையில், 1833–1836

1833இல், அப்போது அவருடைய எஜமானராக இருந்த தாமஸ் ஆல்டு அவரைச் செயின்ட் மைக்கேல்ஸ் ஊருக்கு வரவழைத்துக்கொண்டார். அங்கு வில்சன் என்ற வெள்ளை இளைஞரோடு சேர்ந்து தொடங்கிய ஞாயிறு பள்ளியைத் தாமஸும் வேறு சிலரும் தடிகளோடு வந்து கலைத்தனர். 1834இல் எட்வர்டு கோவி என்ற முரட்டுக் குத்தகைக்காரரிடம் விடப்பட்டார். அந்த ஆண்டில் வாசிக்கும் விருப்பமே அற்றுப்போயிற்று என்கிறார். ஆகஸ்டில் கோவியை எதிர்த்து நின்று மல்லாடியதை எல்லா வரலாற்று நூல்களும் விரிவாகச் சொல்லும்.

1835இல் வில்லியம் ஃப்ரீலண்டின் பண்ணையில் மீண்டும் ஞாயிறு பள்ளி நடத்தினார். முதலில் மரநிழலிலும் பிறகு அடிமையல்லாத கறுப்பினத்தவர் ஒருவர் வீட்டிலும் நடந்த அப்பள்ளியில் ஒரு கட்டத்தில் 40 பேருக்கு மேல் படித்தனர். அவ்வீட்டுக்காரர் பெயரையும் டக்ளஸ் வெளியிடவில்லை. தம் வாழ்வில் செய்த வேலைகளில் மிக இனிய ஒன்றாக இதை நினைவுகூர்கிறார்.

1836 ஏப்ரலில் தோழர்களுடன் தப்பத் திட்டமிட்டபோது எஜமானரின் பெயரில் ஒவ்வொருவருக்கும் பயண அனுமதிச்சீட்டு எழுதிக்கொடுத்தவர் இவரே. டாமியின் ஏட்டில் பழகிய கையெழுத்துக்கு அது முதல் பயன். திட்டம் முன்னரே வெளிப்பட்டது. பிடிபட்டவர்கள் சீட்டுகளைத் தீயிலிட்டும் ரொட்டியோடு விழுங்கியும் அழித்ததால் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை.

மீண்டும் பால்டிமோர், விடுதலை, நூல்

பால்டிமோருக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, மரக்கலத்தின் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலை கற்றார். இக்காலத்தைப் பற்றிய செய்திகள் குறைவு. அடிமையல்லாத கறுப்பினக் கலப்பற்றுக்காரர்கள் நடத்திய கிழக்கு பால்டிமோர் மன மேம்பாட்டுச் சங்கத்தில் சேர்ந்து விவாதங்களில் பங்கேற்றார். மனைவியாகப் போகும் ஆனா மர்ரியை அறிந்ததும் இந்த ஆண்டுகளில்தான். 1838 செப்டம்பர் 3 அன்று, மாலுமி ஒருவரின் அடையாளச் சான்றை இரவல் பெற்று, மாலுமி உடையில் ரயிலேறித் தப்பினார். அதற்கான செலவில் ஆனாவின் சேமிப்பும் இருந்தது. வடக்கே நியூ பெட்ஃபோர்டில் குடியேறியபின் ‘டக்ளஸ்’ என்ற பெயரை, வால்டர் ஸ்காட்டின் காவியம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த நேதன் ஜான்சன் என்பவர் தேர்ந்துகொடுத்தார்.

1841இல் நான்டக்கெட் அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் பேசியது முதல் ஊர் ஊராக மேடை ஏறினார். இவ்வளவு செம்மையாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று கேட்டவர்கள் ஐயுற்றனர். அதற்கு விடையாகவே பெயர், ஊர், எஜமானர் என்று எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லி 1845 நூலை எழுதினார். மேரிலாந்தைச் சேர்ந்த ஏ.சி.சி. தாம்சன் என்பவர், தாம் அறிந்த பிரெடரிக் படிப்பறிவற்றவன், அவன் இதை எழுதியிருக்க முடியாது என்று பத்திரிகையில் மறுத்தார். தாம் அங்கே அடிமையாக இருந்ததை உறுதிசெய்ததற்காக டக்ளஸ் அவருக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினார். 1846இல் இங்கிலாந்து நண்பர்கள் பணம் திரட்டி அவரை விலைக்கு மீட்டனர்.

பிற்கால ஆய்வு

ஆந்தனியின் ஏட்டை ஆராய்ந்து பிறப்பாண்டை நிறுவிய டிக்சன் பிரெஸ்டனின் நூல் 1980இல் வெளியாயிற்று. மேரிலாந்து ஆண்டுகளுக்கு அதுவே இன்றும் அடிப்படை. டேவிட் பிளைட்டின் பெருநூல் 2018இல் வந்து, அடுத்த ஆண்டு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு பெற்றது. டக்ளஸின் கல்வியை அறிய விரும்புவோர் 1845 நூலின் ஆறாம், ஏழாம் இயல்களை முதலில் படித்து, பிறகு 1855 நூலின் பால்டிமோர் பகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் விடுபட்டது மற்றதில் கிடைக்கும்.