நடு மேஜையின் வனவாசம்

வீட்டு அலங்காரப் பக்கங்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற படம் இது: புத்தம் புதிய சமையலறை, நடுவில் தாத்தா காலத்து இழுப்பறை மேஜை, அதன் தலையில் ஒரு கிரானைட் பலகை. கிச்சன் ஐலண்ட் தயார். யாரோ நேற்று கண்டுபிடித்த யோசனை போலத் தோன்றும். உண்மையில் சமையலறையின் நடுவே மரச்சாமான் நிற்பதுதான் பழைய வழக்கம். இடையில் சில காலம் அதை வெளியே துரத்தி வைத்திருந்தார்கள்.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவருக்காக ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் ராயல் பெவிலியனை விரித்துக் கட்டினார். அதன் சமையற்கூடத் தூண்களுக்கு உச்சியில் பனையோலைகள் உண்டு! பிரெஞ்சு சமையல் மேதை கரேம் 1816இல் அங்கே வேலைக்கு வந்தார். இத்தகைய மாளிகைகளில் நறுக்குவது, பிசைவது, தட்டில் அடுக்குவது எல்லாம் நடுவே கிடந்த நீண்ட மர மேஜையில்தான். சுற்றிலும் வேலையாட்கள் நின்றார்கள்.

வேலையாட்கள் குறைந்த அமெரிக்காவில் கதை மாறியது. 1869இல் கேத்தரின் பீச்சர், தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து இல்லப் பராமரிப்பு நூல் ஒன்றை வெளியிட்டார். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ எழுதிய அதே ஹாரியட்தான். நீராவிக் கப்பலின் சின்னஞ்சிறு சமையலறையில் இருநூறு பேருக்குச் சமைக்க முடிகிறதே, வீட்டில் மட்டும் ஏன் இத்தனை நடை என்று அந்நூல் கேட்டது.

அந்தக் கேள்வியை வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இண்டியானா மாநிலத்து ஹூசியர் கம்பெனி ஒரு விசித்திர அலமாரியை விற்றது. மாவைக் கொட்டி வைக்கும் தொட்டி, அதன் அடியிலேயே சல்லடை, மசாலா டப்பாக்களுக்கு இடம், முன்னால் இழுத்து வேலை செய்ய ஒரு பலகை. போட்டிக் கம்பெனிகள் உடனே அதேபோல் செய்து குவித்தன. சுவரோடு பொருத்திய அலமாரிகள் வந்ததும் இவை கார் ஷெட்டுக்குப் போயின. இன்று பழம்பொருள் கடைகளில் அதே சாமானைத் தேடி அலைகிறார்கள். கீழ்ப்பாதியை மட்டும் கழற்றி சமையலறை நடுவில் நிறுத்துகிறவர்களும் உண்டு.

நடு மேஜையை அடியோடு விரட்டியது ஜெர்மனி. 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். முன்மாதிரி, ரயிலின் உணவக வண்டியில் இருக்கும் சமையலறை. ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது இடம்பிடித்தது. நடுவே மேஜை போட இடமேது? உலகத்துச் சமையலறைகளுக்கெல்லாம் இலக்கணம் வகுத்த அந்தப் பெண்மணி, அதை வடிவமைத்த காலத்தில் தாம் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் கூறினார்.

மேஜை திரும்பி வர முதலில் சுவர் விழ வேண்டியிருந்தது. 1934இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிய வில்லி இல்லத்தில் சமையலறை, கூடத்தை நோக்கித் திறந்தது. சமைக்கும் ஆளும் விருந்தினரைப் பார்த்துப் பேசலாம் என்றானதும், இடையில் ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

அதற்கு முகம் கொடுத்தது தொலைக்காட்சி. பாஸ்டன் தொலைக்காட்சி நிலையத்தின் ஸ்டூடியோ 1961இல் தீப்பிடித்து எரிந்ததால், ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை ஒரு மின்சாரக் கம்பெனியின் செயல்விளக்கச் சமையலறையில் படமெடுத்தார்கள். 1963 முதல், மேடைக்குப் பின்னே நின்று நம்மைப் பார்த்தபடியே சமைக்கும் பெண்ணை அமெரிக்கா ரசித்தது. அவர் வீட்டுச் சமையலறையிலோ நடுவில் இருந்தது நார்வே நாட்டு மேஜை ஒன்று. அந்தச் சமையலறை இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழைய சாமானுக்குக் கௌரவம் வந்தது பிரிட்டனில். விக்டோரியா காலத்தில் பைன் மரம் ஏழையின் மரம். அதை மறைக்கவே பெயின்ட் அடித்தார்கள். 1960களுக்குப் பிறகு வந்தவர்களோ, அதே சாமானைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி, பெயின்டை உரித்து, வெறும் மரத்தைக் கொண்டாடினார்கள். சமையல் எழுத்தாளர் எலிசபெத் டேவிட் மறைந்தபின், 1994 ஏலத்தில் அவருடைய சமையலறை மேஜையை வாங்கியவர் மற்றொரு சமையல் பிரபலமான ப்ரூ லீத். எலிசபெத்தின் சகோதரி மகன் ஜானி கிரே 1980களில், சுவரோடு ஒட்டாமல் தனித்தனிச் சாமான்களால் அமையும் சமையலறையை நாகரிகமாக்கினார். ஜவுளிக்கடை மேஜை, கசாப்புக் கடைக் கட்டை என்று கடைகள் கைவிட்டவையெல்லாம் வீட்டுக்குள் நுழைந்தன. பழையது கிடைக்காதவர்களுக்காகப் புது மரத்தைச் சங்கிலியால் அடித்து வடு உண்டாக்கி விற்கவும் ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நம் பக்கத்திலும் சரக்கு உண்டு. செட்டிநாட்டு மாளிகைகளில் பலவும் பர்மா வணிகத்தால் எழுந்தவை. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்ததும் அந்த வருமானம் நொறுங்கியது. மாளிகைகளிலிருந்து வந்த தேக்குக் கதவுகளும் பெட்டகங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன.

அப்படி ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டால், கையில் டேப் எடுத்துச் செல்லுங்கள். நின்றபடி நறுக்க ஏற்ற உயரம் 36 அங்குலம். சாப்பாட்டு மேஜையின் உயரமோ 30 அங்குலம்தான், அடியில் கட்டை கொடுக்காவிட்டால் முதுகு பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் மூன்றடி நடைவழி வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் அதைச் சுரண்டாதீர்கள், அதன் மேல் காய் நறுக்கவும் வேண்டாம்.